திரையை வரைவது யார்? ஃபிளட்டர், ரியாக்ட் நேட்டிவ், மும்மொழிச் செயலிகள்

கொழும்பில் சிறிய மென்பொருள் நிறுவனம் ஒன்றில் புதிய செயலியைப் பற்றிய பேச்சு எழுந்தால், வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்பது தெளிவாகும் முன்னரே "ஃபிளட்டரா, ரியாக்ட் நேட்டிவா?" என்ற கேள்வி வந்துவிடும். ஒரே நிரலிலிருந்து அன்ட்ரொயிட், ஐபோன் இரண்டுக்கும் செயலி கட்டித்தரும் இந்த இரு கருவிகளுக்கும் தீவிர அபிமானிகள் இருக்கிறார்கள். இணையத்தில் கிடைக்கும் ஒப்பீடுகளில் பெரும்பாலானவை வேகச் சோதனை முடிவுகளையும் பெரிய நிறுவனங்களின் பெயர்களையும் அடுக்கிவிட்டு நின்றுவிடுகின்றன. சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் இயங்கும் செயலிகளை உருவாக்கி, அவற்றை வருடக்கணக்கில் பராமரிக்கவும் வேண்டியுள்ள எங்களைப் போன்றவர்களுக்கு அவை அதிகம் உதவுவதில்லை. எந்தக் கருவியைப் பற்றியும் நான் முதலில் கேட்பது இதுதான்: பயனர் பார்க்கும் திரையை, குறிப்பாக அதிலுள்ள எழுத்துகளை, வரைவது யார்? விடை தெரிந்துவிட்டால் அந்தக் கருவியின் பலங்களில் பாதியையும் தொல்லைகளில் முக்கால்வாசியையும் முன்கூட்டியே ஊகித்துவிடலாம்.

கொட்லின் மொழியில் அன்ட்ரொயிட் செயலியையும் ஸ்விஃப்ட் மொழியில் ஐபோன் செயலியையும் தனித்தனியே எழுதினால், வரைவது அந்தந்த இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள். ரியாக்ட் நேட்டிவிலும் ஏறத்தாழ இதுவே நடக்கிறது. 2015இல் ஃபேஸ்புக் திறந்த மூலமாக வெளியிட்ட இந்தக் கருவியில், எழுத்து உள்ளிடும் பெட்டியொன்றை ஜாவாஸ்கிரிப்டில் கேட்டால், திரையில் வந்து நிற்பது அன்ட்ரொயிடின் அல்லது ஐஓஎஸின் உண்மையான பெட்டியேதான். நீண்ட காலமாக ஜாவாஸ்கிரிப்ட் பக்கமும் நேட்டிவ் (இயங்குதளத்தின் சொந்த) பக்கமும் 'பாலம்' என்று அழைக்கப்பட்ட ஒரு வழியினூடாக, ஜேசன் என்ற எழுத்துத் தரவு வடிவில் செய்திகளைக் கட்டியனுப்பிப் பேசிக்கொண்டன. நீண்ட பட்டியலை வேகமாக உருட்டும்போது வெள்ளைத் திட்டுகள் தெரிந்ததற்கு அந்தப் பாலத்தின் நெரிசலும் ஒரு காரணம். 2024 ஒக்டோபரில் வெளியான 0.76 பதிப்பு முதல் புதிய கட்டமைப்பே இயல்பாக வருகிறது. அதில் பாலம் நீக்கப்பட்டு, ஜாவாஸ்கிரிப்ட் நேட்டிவ் பொருள்களை நேரடியாக அழைக்கிறது. எனவே பழைய கட்டுரைகளை ஆதாரமாகக் காட்டி "ரியாக்ட் நேட்டிவ் மெதுவானது" என்று வாதிடுபவர்களிடம், எந்தப் பதிப்பைச் சொல்கிறீர்கள் என்று கேட்டுவிடுவது நல்லது.

ஃபிளட்டர் எடுத்தது நேரெதிர்ப் பாதை. கூகுள் 2018 டிசம்பரில் இதன் 1.0 பதிப்பை வெளியிட்டது, மொழி டார்ட். மண்டபத்தை மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு சமையல், சோடனை, மேளம் எல்லாவற்றையும் தாமே கொண்டுவரும் கல்யாண வீட்டாரைப் போல, ஃபிளட்டர் இயங்குதளத்திடம் ஒரு வெற்றுப் பரப்பை மட்டும் பெற்றுக்கொண்டு, பொத்தான் முதல் எழுத்து வரை ஒவ்வொரு புள்ளியையும் தானே வரைகிறது. முன்பு ஸ்கியா என்ற வரைவு இயந்திரம் செய்த அந்த வேலையை இப்போது இம்பெல்லர் என்ற புதிய இயந்திரம் செய்கிறது. ஐபோனில் 2023 முதல் இம்பெல்லரே இயல்பு. இதனால் விலை குறைந்த பழைய அன்ட்ரொயிட் கைப்பேசியிலும் புதிய ஐபோனிலும் ஒரே தோற்றம் கிடைக்கிறது. வாடிக்கையாளர் ஒரு கைப்பேசியையும் அவருடைய முகாமையாளர் இன்னொரு கைப்பேசியையும் வைத்துக்கொண்டு வித்தியாசம் தேடும் கூட்டங்களில் இந்த ஒருமைப்பாட்டின் அருமை நன்றாகவே புரியும். மறுபக்கம், 2025இல் ஐஓஎஸ் 26 உடன் அப்பிள் கண்ணாடி போன்ற புதிய தோற்றத்தைக் கொண்டுவந்தபோது, இயங்குதளத்தின் சொந்தப் பாகங்களைப் பயன்படுத்தும் செயலிகள் அப்பிளின் நிரலாக்கக் கருவியான எக்ஸ்கோடின் புதிய பதிப்பில் மீண்டும் கட்டப்பட்டதுமே அந்தத் தோற்றத்தைப் பெற்றன. ஃபிளட்டர் செயலிகளுக்கு அப்படித் தானாக எதுவும் வந்துசேராது.

இனித் தமிழுக்கு வருகிறேன். எழுத்துகளைப் பிழையின்றிக் கோத்துக் காட்டுவதில் இன்று இரண்டு கருவிகளுமே தேறிவிட்டன. ஃபிளட்டர், அன்ட்ரொயிட் இரண்டுக்குள்ளும் அந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற ஒரே நிரலகம்தான். சிக்கல் எழுவது அளவுகளில். வடிவமைப்பாளர்கள் ஆங்கிலத்தை வைத்து வரி உயரத்தைத் தீர்மானித்துவிடுவதால், 'கீ', 'ணூ' போன்றவற்றின் மேல் விசிறியும் கீழ்ச் சுழியும் வெட்டுப்படுகின்றன. ஆங்கிலத்தில் ஆறு எழுத்தில் முடியும் பொத்தான், தமிழில் 'சமர்ப்பிக்கவும்' என்று நீண்டு பெட்டியைத் தாண்டுகிறது. இந்த இடத்தில் ஃபிளட்டரின் ஒரு பழக்கம் எனக்குப் பிடிக்கும்: சோதனை நிலையில் ஒரு வரிசை தன் இடத்தை மீறினால், அது மஞ்சளும் கறுப்புமான கோடுகளைத் திரையிலேயே போட்டுக் காட்டிவிடும். ரியாக்ட் நேட்டிவ் இதே தவறை மௌனமாக விழுங்கிவிடுகிறது. தமிழ் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு திரையையும் திறந்து பார்த்தால்தான் பிடிபடும். குழுவில் அப்படி ஒருவர் எப்போதும் இருப்பதில்லை என்பது கொழும்பு நிறுவனங்களின் யதார்த்தம்.

நீளக் கணக்கு இன்னொரு பொறி. நாம் நான்கு எழுத்துகளாக எண்ணும் 'கொழும்பு', ஜாவாஸ்கிரிப்டிலும் டார்ட்டிலும் சாதாரண நீளக் கணக்கில் எட்டு; துணைக்குறிகளும் புள்ளியும் அங்கே தனித்தனியே எண்ணப்படுகின்றன. பயனர் பெயரின் முதலெழுத்தை ஒரு வட்டத்துக்குள் காட்டும் வழக்கமான அலங்காரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 'மீனா' என்பவருக்கு 'மீ' வர வேண்டிய இடத்தில் 'ம' மட்டும் வந்து நிற்கும். டார்ட்டில் இதற்கென்றே அதிகாரபூர்வமான கேரக்டர்ஸ் பொதி இருக்கிறது. உலாவிகளின் ஜாவாஸ்கிரிப்டில் இன்டல் செக்மென்டர் என்ற வசதி இருக்கிறது. இரண்டும் விடையை நான்காகவே தருகின்றன, ஆனால் அவற்றை அழைக்க வேண்டும் என்று நிரலாளருக்குத் தோன்ற வேண்டும். எண்களிலும் கவனம் தேவை. மொழியை வெறுமனே 'தமிழ்' என்று குறித்துவிட்டால், இலட்சம் ரூபாய் இந்திய முறையில் 1,00,000 என்று வரும். இலங்கைப் பற்றுச்சீட்டுகளில் நாம் எழுதுவதோ 100,000. (அலுவலகங்களிலிருந்து யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சாகி வரும் மொழிபெயர்ப்புகளுக்கு எந்தக் கருவியிடமும் மருந்து கிடையாது. முதலில் யுனிகோட்டுக்கு மாற்றி, பிறகு கண்ணால் படித்துத் திருத்த வேண்டியதுதான்.)

செயலியோடு இணையத்தளமும் வேண்டும் என்றால் என் தராசு வேறு பக்கம் சாய்கிறது. ஒரே நிரலில் இணையத்துக்கும் சேர்த்துக் கட்டலாம் என்று ஃபிளட்டர் 2021 முதல் சொல்கிறது, கட்டவும் முடிகிறது. ஆனால் அங்கேயும் அது திரையைத் தானே வரைவதால், அதற்கான கான்வஸ்கிட் இயந்திரத்தை முதலில் உலாவிக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. அதுவே ஏறத்தாழ 1.5 மெகாபைட். பக்கத்திலுள்ள எழுத்துகள் உலாவிக்கு வெறும் படமாகத் தெரிவதால், பக்கத்துக்குள் தேடும் வசதி வேலை செய்யாது. தேடுபொறிகளுக்கும் அது உகந்ததல்ல. தமிழ் எழுத்துருவைச் செயலியோடு சேர்த்துக் கட்டத் தவறினால், நோட்டோ எழுத்துரு கூகுளின் சேவையகத்திலிருந்து இறங்கி முடியும் வரை பயனர் பார்ப்பது வெற்றுச் சதுரங்களைத்தான். எழுத்து நிறைந்த பக்கங்களுக்கு இது பொருத்தமல்ல என்பதை ஃபிளட்டரின் ஆவணங்களே ஒப்புக்கொள்கின்றன. உள்ளக நிர்வாகப் பலகைகளுக்குப் போதும். பொதுமக்கள் வாசிக்கும் தளத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அத்தகைய வேலைகளில் தளத்தை, இணையப் பக்கங்களுக்கான ஜாவாஸ்கிரிப்ட் நிரலகமான ரியாக்டிலும் செயலியை ரியாக்ட் நேட்டிவிலும் தனித்தனியே எழுதி, நடுவிலுள்ள விதிகளை மட்டும் ஜாவாஸ்கிரிப்டின் விரிவான டைப்ஸ்கிரிப்டில் பகிர்ந்துகொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. தேசிய அடையாள அட்டை இலக்கம் இதற்கு நல்ல உதாரணம். பழைய வடிவம் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும். புதிய வடிவம் பன்னிரண்டு இலக்கங்கள். இரண்டிலும் பிறந்த ஆண்டும் நாளும் பொதிந்திருக்கின்றன, பெண்களுக்கு நாளோடு 500 கூட்டப்படுகிறது. இந்தச் சரிபார்ப்பை டார்ட்டில் ஒரு முறையும் ஜாவாஸ்கிரிப்டில் ஒரு முறையும் எழுதினால், என்றாவது ஒரு நாள் இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படும். ஒரே கோப்பிலிருந்து எடுத்தால் அந்தக் கவலை இல்லை. கொழும்பில் ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவர்களை வேலைக்கு எடுப்பது டார்ட் தெரிந்தவர்களை எடுப்பதைவிடச் சுலபம் என்பதும் இந்த முடிவில் ஒரு பங்கு வகிக்கிறது.

மற்றக் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல இருக்கிறது. ஒரே கொட்லின் நிரலைப் பல இயங்குதளங்களில் பகிர உதவும் கொட்லின் மல்டிபிளட்ஃபோம் 2023 நவம்பரில் நிலையான பதிப்பை எட்டியது. மறு ஆண்டு கூகுளும் அதற்கு ஆதரவு அறிவித்தது. ஏற்கெனவே இரண்டு நேட்டிவ் குழுக்களை வைத்திருக்கும் வங்கி போன்ற இடங்களில், கணக்கு விதிகளை மட்டும் பொதுவாக்கி, திரைகளைத் தனித்தனியே விட்டுவைக்க இதைவிட நாகரிகமான வழி எனக்குத் தெரியவில்லை; மூன்று பேர் கொண்ட குழுவுக்கு இது அதிகம். கப்பாசிட்டர், இணையப் பக்கத்தையே செயலி உறைக்குள் வைத்துத் தருகிறது. படிவங்களும் பட்டியல்களுமே உள்ள வேலைக்கு அது தாராளமாகப் போதும், அதைச் சொல்லத்தான் பலருக்கு வெட்கம். வெறும் இணையச் செயலியாக நிறுத்திக்கொள்ள விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஐபோனில் அறிவித்தல்கள் 2023இல் வந்த ஐஓஎஸ் 16.4 முதல்தான் கிடைக்கின்றன. அதுவும் பயனர் அந்தத் தளத்தை முகப்புத் திரையில் சேர்த்திருந்தால் மட்டுமே.

எந்தக் கருவியை எடுத்தாலும் தப்ப முடியாத செலவுகள் உண்டு. எக்ஸ்கோட் மக் கணினியில் மட்டுமே ஓடும். பம்பலப்பிட்டியின் கணினிக் கடைத்தொகுதியான யூனிட்டி பிளாசாவில் மக்கின் விலையை விசாரித்துவிட்டு, ஐபோன் பதிப்பைக் கிளவுட் சேவைகளில் கட்டிக்கொள்பவர்கள் பலர். செயலியை வெளியிடும் கணக்குக்காக அப்பிளுக்கு வருடந்தோறும் 99 டொலர், கூகுளுக்கு ஒரு முறை 25 டொலர். 2023 நவம்பர் 13க்குப் பின் தொடங்கப்பட்ட தனிநபர் கணக்குகள், பன்னிரண்டு பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாட்கள் சோதித்த பிறகே கூகுள் பிளேயில் வெளியிடலாம். முதலில் இருபது பேர் என்றிருந்ததை 2024இன் இறுதியில் குறைத்தார்கள்.

பராமரிப்பில்தான் கருவிகளின் உண்மையான குணம் தெரிகிறது. கூகுள் பிளே ஆண்டுதோறும் புதிய அன்ட்ரொயிட் பதிப்பை இலக்காக வைக்கச் சொல்கிறது. 2025 ஓகஸ்ட் 31இல் அது அன்ட்ரொயிட் 15 ஆனது. அதோடு 2025 நவம்பர் முதல் 16 கிலோபைட் நினைவகப் பக்க அளவுக்கும் (நினைவகம் பிரித்துக் கையாளப்படும் துண்டின் அளவு) ஒத்துழைக்க வேண்டும் என்றானபோது, கைவிடப்பட்ட சிறு நிரலகங்களை நம்பியிருந்த செயலிகள் இரு தரப்பிலுமே தடுமாறின. மைக்ரோசொஃப்டின் இதே வகைக் கருவியான ஸமரினுக்கான ஆதரவு 2024 மே 1இல் முடிந்தது. ரியாக்ட் நேட்டிவ் செயலிகளுக்குக் செயலிக் கடையைத் தாண்டித் திருத்தம் அனுப்பப் பலரும் நம்பியிருந்த கோட்புஷ், மைக்ரோசொஃப்டின் அப் சென்டர் சேவையோடு 2025 மார்ச்சில் மூடப்பட்டது. அந்த இடத்தை இப்போது ரியாக்ட் நேட்டிவுக்கான துணைக் கருவித்தொகுப்பான எக்ஸ்போவின் சேவை நிரப்புகிறது. பதிப்பு மாற்றத்தில் ஃபிளட்டர் கூடுதல் அமைதியானது என்பது என் அபிப்பிராயம். எக்ஸ்போ இல்லாத பழைய ரியாக்ட் நேட்டிவ் திட்டமொன்றை மேலேற்றுவது வாரங்களை விழுங்கும். ஆனால் தமிழ் மொழிபெயர்ப்பில் ஓர் எழுத்துப்பிழை வெளியே போய்விட்டால், ரியாக்ட் நேட்டிவில் அதே நாளில் திருத்தி அனுப்பிவிடலாம். முன்கூட்டியே இயந்திர நிரலாக மாற்றப்படும் ஃபிளட்டரில் அதற்குக் கடையின் ஒப்புதலுக்காகக் காத்திருக்க வேண்டும், அல்லது ஷோர்பேர்ட் போன்ற வெளிச் சேவையை நாட வேண்டும்.

இதனால் விலைமனு எழுதும்போதே, இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளின் பதிப்பு மாற்ற வேலையை நாங்கள் தனி வரியாகக் குறிப்பிட்டுவிடுகிறோம். வாடிக்கையாளர் முதலில் வெட்டச் சொல்வதும் அந்த வரியைத்தான். அப்போது, வெட்டிவிட்டால் செயலி எந்த மாதத்தில் புதிய திருத்தம் எதையும் ஏற்காமல் நின்றுபோகும் என்பதைக் கூகுளின் அறிவித்தலைத் திறந்து காட்டிவிட்டு, கருவியைப் பற்றிய பேச்சை அதன் பிறகே தொடங்குகிறோம்.