பீடிக் கடைக் கணக்கும் என் பாடமும்

பகலில் திருநெல்வேலி பக்கத்து அபிஷேகப்பட்டியில் எம்.ஏ. பொருளாதாரம், சாயங்காலம் முக்கூடல் பக்கம் ஒரு பீடிக் கடையில் கணக்கு எழுதும் வேலை. அம்மாவும் பீடி சுற்றுகிறவள்தான், அதனால் தொழில் எனக்குப் புதிதில்லை. ஆனால் பீடி வரவு ஏற்றுகிற பாஸ்புக்கை நீட்டுகிற பக்கமிருந்து அதில் எழுதுகிற பக்கத்துக்கு வந்தபிறகு சில விஷயங்கள் வேறு மாதிரித் தெரிகின்றன.

கடையில் இலை, தூள், நூல் நிறுத்துக் கொடுப்போம். பெண்கள் வீட்டில் இலையை நனைத்து, வெட்டி, சுளவை (முறத்தை) மடியில் வைத்துச் சுற்றிக் கட்டுக் கட்டாகக் கொண்டுவருவார்கள், தரம் பார்க்கிற அண்ணாச்சி சரியில்லாததைக் கழித்துப் போடுவார், மிச்சத்தை நான் ஏற்றுவேன். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு. நேரத்துக்குக் கணக்கு கிடையாது, கழித்ததற்குக் காசு கிடையாது, இலை பற்றாவிட்டால் (மத்தியப் பிரதேசத்திலிருந்து வருகிற மூட்டையில் ஓட்டை இலை எவ்வளவு என்று யார் கண்டார்?) கைக்காசு போட்டு வாங்க வேண்டும். இப்படி எண்ணிக்கைக்குக் கொடுக்கிற துண்டுக் கூலி இருந்தால் மேற்பார்வைக்குப் பெரிதாக ஆள் தேவையில்லை என்று மார்க்ஸ் எழுதியதை வகுப்பில் விளக்கினார்கள். நான் விளக்கம் கேட்கவில்லை, வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

என்கூடப் படித்தவன் பாளையங்கோட்டையில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். ஆர்டருக்கு இவ்வளவு, பெட்ரோல் அவன் செலவு, காத்திருக்கிற நேரம் அவன் தலையில். இதைப் புதுப் பொருளாதாரம் என்கிறார்கள், தாமிரபரணிக் கரையில் மூன்று தலைமுறையாக நடப்பது பிறகு என்னவாம்? சொல்லப்போனால் பீடி சுற்றுகிற ஆச்சிமார் நிலைமை ஒரு படி மேல். 1966 பீடித் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுகிறவரையும் தொழிலாளி என்றே சொன்னது. முதலாளிகள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 1974இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது, பின்னால் பி.எஃப்.பும் (வருங்கால வைப்பு நிதி) வந்தது. இப்போது அந்தச் சட்டம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நான்கில் ஒன்றுக்குள் போய்விட்டது. அவற்றில் இன்னொன்றில் டெலிவரி பையனுக்கும் ஒரு பெயர் உண்டு, ஆனால் வழக்கமான முதலாளி தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்கிறவன் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் வரி. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் பீடிக்கு 28 சதவீதத்தை 18 ஆகவும், பீடி இலைக்கு 18ஐ 5 ஆகவும் குறைக்க முடிவெடுத்தது. பேப்பரில் படித்துவிட்டுக் கடைக்கு வந்த ஓர் ஆச்சியிடம் பெருமையாகச் சொன்னேன். "வரியக் கொறச்சா இலையக் கூட்டித் தருவாவளா தம்பி?" என்றாள். வரியின் சுமை யார் தலையில் விழும், குறைத்தால் யாருக்கு மிஞ்சும் என்று ஒரு செமஸ்டர் முழுக்கப் படங்கள் போட்டுப் படித்திருக்கிறேன். எல்லாப் படமும் அவள் கேட்டதற்குத்தான் பதில், யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியுமோ அவருக்கு மிஞ்சும். அவளால் முடியாது.

கொஞ்சம் முடிகிற நாளும் உண்டு. மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் தொடங்கியது, மாதம் ஆயிரம் ரூபாய். இலவசம் கொடுத்துச் சோம்பேறியாக்குகிறார்கள் என்று டீக்கடையில் பேசுவார்கள், என் வகுப்பிலும்தான். பணம் ஏறுகிற வாரத்தில் சில பேர் மோசமான இலையைப் பார்த்துவிட்டு, "இது வேண்டாம், வேற கட்டு எடுங்க" என்று திருப்பிக் கொடுப்பதை நான் பார்க்கிறேன். மற்ற வாரங்களில் அதே ஆட்கள் அதே மாதிரி இலையை வாய் திறக்காமல் வாங்கிப் போவார்கள். சோம்பலா அது? ஆயிரத்தில் எல்லாம் மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை, இலை மூட்டை விலை ஏறினால் அதுவும் கரைந்துவிடும்.

எனக்குச் சங்கடமான கேள்வி வேறொன்று. பீடி உடம்புக்குக் கேடு, வரியைக் கூட்டிக் குடிப்பதைக் குறை என்பதுதான் பாடம், அது சரி என்றே நினைக்கிறேன். அப்படிக் குறைந்தால் சுற்றுகிற பெண்களுக்கு மாற்று வேலை எங்கே? கட்சிக்காரர்கள் இங்கே வந்தால் கூலி உயர்வு பற்றிப் பேசுவார்கள், இதைத் தொடமாட்டார்கள். அடுத்து ஓட்டுக் கேட்டு எங்கள் தெருவுக்கு வருகிறவரிடம் கேட்கலாம் என்றிருக்கிறேன், அம்மா வேண்டாம் என்கிறாள்.