16 புளியங்கொட்டைகளை வைத்து சிக்னலிங் லோடு ஷேரிங் படித்தேன்

துறைத் தேர்வுக்கு இரண்டாவது முறை படிக்க உட்கார்ந்தது ஒரு மாசி மாதம். பாலக்கோடு பக்கத்தில் எங்கள் ஊரில் அந்த நேரத்தில் எந்தத் திண்ணையைப் பார்த்தாலும் புளி குவிந்து கிடக்கும். அம்மாவும் சித்தியும் புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் எஸ்.எஸ்.7 பாடத்தோடு, அதாவது அழைப்பை இணைக்கத் தொலைபேசி எக்சேஞ்சுகள் தங்களுக்குள் மெசேஜ் அனுப்பிக்கொள்ளும் சிக்னலிங் முறையோடு, மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

முதல் முறை என்னைக் கவிழ்த்தது இந்தப் பாடம்தான். லிங்க் செட் (இரண்டு முனைகளுக்கு நடுவே மெசேஜ் போகும் லிங்க்குகளின் தொகுப்பு), ரூட் செட் (ஓர் எக்சேஞ்சுக்குப் போகும் வழிகளின் தொகுப்பு), சேஞ்ச்ஓவர் (விழுந்த லிங்க்கின் வேலையை வேறு லிங்க்குக்கு மாற்றுவது) என்று எல்லா விளக்கமும் மனப்பாடம். கேள்வியோ வேறு மாதிரி வந்தது. இரண்டு லிங்க் செட், ஒவ்வொன்றிலும் இரண்டு லிங்க். எந்த மெசேஜ் எதில் போகும்? ஒரு லிங்க் விழுந்தால் என்ன ஆகும்? மனப்பாடத்தில் அதற்கு விடை இல்லை. இந்தப் பகுதியைப் படிக்கிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான்: விளக்கத்தை ஒரு முறை படித்தால் போதும், அப்புறம் 16 எண்களைக் கையால் பங்கு போட்டுப் பாருங்கள்.

ஏன் 16? ஐ.டி.யு. (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) முறையில் ஒவ்வொரு மெசேஜின் தலைப்பிலும் 32 பிட் கொண்ட ரூட்டிங் லேபிள் இருக்கும். போய்ச் சேர வேண்டிய எக்சேஞ்சின் பாயின்ட் கோடுக்கு, அதாவது அதன் அடையாள எண்ணுக்கு, 14, அனுப்பிய எக்சேஞ்சின் கோடுக்கு 14, மீதி 4 பிட் எஸ்.எல்.எஸ்., அதாவது எந்த லிங்க் என்று தேர்ந்தெடுக்கும் எண். 4 பிட் என்றால் 0 முதல் 15 வரை 16 எண்கள். ஒரு லிங்க் செட்டில் அதிகபட்சம் 16 லிங்க்தான் வைக்க முடியும்.

வருகிற மெசேஜை வரிசையாக ஒவ்வொரு லிங்க்கிலும் மாற்றி மாற்றிப் போட்டால் என்ன என்று எனக்கும் தோன்றியது. தருமபுரியில் இருந்து ஓசூருக்குப் போக கிருஷ்ணகிரி வழியும் இருக்கிறது, பாலக்கோடு, ராயக்கோட்டை வழியும் இருக்கிறது. ஒரே ஆளுக்கு இரண்டு பொட்டலத்தை இரண்டு வழியிலும் பஸ்ஸில் அனுப்பினால் எது முதலில் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. ஒரு அழைப்பில் முதல் மெசேஜ் ஐ.ஏ.எம்.; மீதி இலக்கங்கள் எஸ்.ஏ.எம். என்று பின்னால் வரும். எஸ்.ஏ.எம். முந்திக்கொண்டு போய் நின்றால் எதிர் எக்சேஞ்சுக்கு அது எந்த அழைப்புக்கானது என்றே தெரியாது. அதனால் ஒரு அழைப்பின் எல்லா மெசேஜுக்கும் ஒரே எஸ்.எல்.எஸ். எண், அந்த எண் எப்போதும் ஒரே லிங்க்கில் போகும். லோடு ஷேரிங் என்பது மெசேஜைப் பங்கு போடுவது அல்ல, இந்த 16 எண்களைப் பங்கு போடுவது. இது பிடிபட்டதும் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

அன்றைக்குத் திண்ணையில் இருந்து 16 கொட்டை எடுத்து, சாக்பீஸால் ஒவ்வொன்றிலும் எண் எழுதினேன். தரையில் நான்கு கட்டம் போட்டேன்.

“எதுக்குடா கொட்டைய எண்ணிக்கிட்டு இருக்க? பரீட்சைக்குப் படிக்கலையா?” என்றார் அம்மா.

“படிப்புதாம்மா இது” என்றேன்.

இடது பக்கம் ஒரு லிங்க் செட், வலது பக்கம் இன்னொன்று. கடைசி பிட்டை வைத்து லிங்க் செட்டைப் பிரித்தேன்: இரட்டைப்படை எல்லாம் இடது, ஒற்றைப்படை எல்லாம் வலது. ஆளுக்கு 8. அடுத்து, இடது செட்டில் இருக்கும் இரண்டு லிங்க்குக்கும் மறுபடி அதே கடைசி பிட்டால் பிரித்தேன். எட்டும் முதல் லிங்க் கட்டத்திலேயே போய் விழுந்தன. இரண்டாவது கட்டம் காலி. வலது பக்கம் எட்டும் இரண்டாவது கட்டத்தில், முதலாவது காலி. நான்கு லிங்க் இருந்தும் இரண்டுதான் வேலை செய்கின்றன. முதல் தேர்வில் நான் தவறவிட்டது இதைத்தான். லிங்க் செட்டைக் கடைசி பிட்டால் தேர்ந்தெடுத்தால், செட்டுக்குள் லிங்க்கை அதற்கு முந்தைய பிட்டால் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படிப் போட்டால் 0, 4, 8, 12 ஒரு கட்டம். 2, 6, 10, 14 ஒரு கட்டம். 1, 5, 9, 13 ஒன்று. 3, 7, 11, 15 ஒன்று. நான்கும் சமம்.

இதே சிக்கல் அடுத்த முனையிலும் வரும். நடுவில் மெசேஜை வாங்கி அடுத்த முனைக்கு அனுப்பும் எஸ்.டி.பி.க்கு இரட்டைப்படை எண்கள் மட்டுமே வந்து சேர்ந்தால், அது மறுபடி கடைசி பிட்டைப் பார்த்தால் அங்கேயும் பாதி லிங்க் சும்மா கிடக்கும். அமெரிக்காவின் ஆன்சி முறையில் ஒவ்வொரு முனையிலும் எஸ்.எல்.எஸ். பிட்டுகளைச் சுழற்றி இதைச் சமாளிக்கிறார்கள். ஐ.டி.யு. முறையில் அந்தச் சுழற்சி கிடையாது, எந்த பிட் என்று நாம்தான் கவனிக்க வேண்டும்.

எஸ்.எல்.எஸ். எங்கிருந்து வருகிறது என்பதையும் விட்டுவிடாதீர்கள். ஐ.எஸ்.யு.பி. (எஸ்.எஸ்.7-இல் அழைப்பை இணைக்கும் பகுதி) அழைப்புகளில் வழக்கமாக சி.ஐ.சி., அதாவது பேச்சுக்கு எடுத்த சர்க்யூட்டின் எண், அதன் கடைசி 4 பிட்தான் எஸ்.எல்.எஸ். ஆகிறது. இருபக்கமும் அழைக்கக்கூடிய சர்க்யூட் குரூப்பில் பெரிய பாயின்ட் கோடு உள்ள எக்சேஞ்ச் இரட்டைப்படை சர்க்யூட்டுகளையும், மற்றது ஒற்றைப்படையையும் முதலில் எடுக்கும். இரண்டு பேரும் ஒரே சர்க்யூட்டைப் பிடித்து மோதாமல் இருக்க அந்த ஏற்பாடு. அழைப்பு பெரும்பாலும் பெரிய கோடு உள்ள பக்கத்தில் இருந்தே கிளம்புகிற, நெரிசல் இல்லாத நேரத்தை யோசித்துப் பாருங்கள். எல்லாம் இரட்டைப்படை சி.ஐ.சி.; இரண்டு லிங்க் இருந்தால் ஒன்றில் மட்டும் கூட்டம். நான் பயிற்சிக்குப் போன ஓர் இடத்தில் மெசேஜை எண்ணும் கவுன்ட்டரில் இப்படி ஒரு ஏற்றத்தாழ்வைப் பார்த்து, லிங்க் பழுது என்றே நினைத்து இரண்டு மணி நேரம் கேபிளைத் தேடினோம். லிங்க்கில் ஒரு குறையும் இல்லை.

கணக்குக் கேள்விக்கு வருவோம். 3 லிங்க் என்றால் 16-ஐச் சமமாகப் பிரிக்க முடியாது: 6, 5, 5. அதிகச் சுமை உள்ள லிங்க்குக்கு 37.5 சதவீதம். 33.3 என்று எழுதினால் மதிப்பெண் போச்சு. திட்டமிடும்போது சாதாரண நேரத்தில் ஒரு லிங்க்குக்கு 0.2 எர்லாங், அதாவது ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் வேலை, என்று எடுப்பது வழக்கம். ஜோடி லிங்க் விழுந்து அதன் சுமையும் சேர்ந்தால் 0.4. 64 கிலோபிட் லிங்க் வினாடிக்கு 8,000 பைட், 0.2 என்றால் 1,600 பைட். ஒரு அழைப்புக்கு ஒரு திசையில் 120 பைட் என்று கேள்வியில் கொடுத்தால் வினாடிக்குச் சுமார் 13 அழைப்பு. இவ்வளவுதான் கணக்கு.

லிங்க் விழுவதைக் கொட்டையை வைத்தே செய்து பாருங்கள். நான்கு கட்டத்தில் ஒன்றை அழித்துவிட்டு, அதில் இருந்த 4 கொட்டையை மட்டும் அதே செட்டில் இருக்கும் இன்னொரு லிங்க்குக்குக் கொடுங்கள். மற்றவற்றைத் தொடாதீர்கள்; நன்றாக ஓடுகிற அழைப்புகளை இடம் மாற்றினால் வரிசை குலையும். சேஞ்ச்ஓவர் மெசேஜில் கடைசியாக வந்து சேர்ந்த மெசேஜின் எண்ணை இரு பக்கமும் சொல்லிக்கொள்வதும் அதற்காகத்தான். போய்ச் சேராதவற்றை மட்டும் புது லிங்க்கில் திரும்ப அனுப்பினால் எதுவும் தொலையாது, எதுவும் இரண்டு முறை போகாது.

இரண்டாம் முறை தேர்வில் ஒரு கேள்வி இரண்டு லிங்க் செட்டைப் பற்றியே வந்தது. ரஃப் தாளில் நான்கு கட்டம் போட்டு எண்களை நிரப்பினேன், பத்து நிமிடத்தில் முடிந்தது. எந்த பிட்டால் பிரிக்க வேண்டும் என்று கேள்வியில் சொல்லியிருக்கவில்லை. உங்களுக்கும் அப்படி வந்தால், லிங்க் செட்டுக்கு எந்த பிட், லிங்க்குக்கு எந்த பிட் என்று நீங்கள் எடுத்துக்கொண்டதை விடையின் முதல் வரியிலேயே எழுதிவிட்டு, அப்புறம் கட்டத்தைப் போடுங்கள்.