கைலியை விடுங்கள், காலைப் பாருங்கள்

"உங்க டிரைவரைக் கொஞ்சம் டீசன்ட்டா வரச் சொல்லுங்கம்மா" என்று போன வாரம் ஒரு குடோன் மேனேஜர் போனில் சொன்னார். சரிங்க சார் என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் கோபம் வந்தது.

எங்களுக்குக் கோத்தகிரி. வீட்டில் இரண்டு லாரி, ஒரு பழைய டாடா 407, ஒரு ஐச்சர். கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பீட்ரூட் என்று எது கிடைக்கிறதோ அதை மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குவோம். திரும்பி வரும்போது உரம், அரிசி, சிமென்ட், சில நாள் கோயம்புத்தூர் குடோன்களில் இருந்து கடைச் சரக்கு. அப்பாவுக்கு முட்டி வலி வந்ததிலிருந்து டிரைவர், டீசல், கணக்கு எல்லாம் என் தலையில். அதனால் லாரி டிரைவர்களின் உடுப்பைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அது என் காதுக்குத்தான் முதலில் வருகிறது.

அந்த மேனேஜருக்கு மலை வண்டியைப் பற்றி ஒன்று தெரியாது. மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம் உயரத்தில் இருக்கிறது, கோத்தகிரி ஏறக்குறைய 1,800. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது கணக்கு, ஆக 33 கிலோமீட்டர் ரோட்டுக்குள் பத்து டிகிரி வித்தியாசம். மார்கழி விடியற்காலையில் லோடு ஏற்றிக் கிளம்பும்போது எங்கள் டிரைவர் மங்கி குல்லா, ஸ்வெட்டர், அதற்கு மேலே ஜெர்க்கின் என்று மூட்டை மாதிரிதான் உட்கார்ந்திருப்பார். அரவேனு தாண்டினால் ஜெர்க்கின் கழன்றுவிடும், குஞ்சப்பனை வந்தால் ஸ்வெட்டர், மண்டியில் இறங்கும்போது மிச்சம் இருப்பது பனியனும் கைலியும். கீழே இருக்கிறவர்கள் பார்ப்பது அந்தக் கடைசி உருவத்தை மட்டும்தான்.

ஏறும்போது இன்னும் வேடிக்கை. 407-ல் இன்ஜின் டிரைவருக்கு இடது பக்கம், கேபினுக்குள்ளேயே மூடி போட்டு இருக்கும். லோடோடு ஏறும்போது அந்த மூடி கொதிக்கும். வெளியே பனி மூட்டம். ஏசி கிடையாது, கண்ணாடியை ஏற்றினால் முன் கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியாது, அதனால் வலது பக்கக் கண்ணாடியை இறக்கியே வைத்திருக்க வேண்டும். இடது கால் வேகும், வலது தோள் விறைக்கும். பேண்ட் போட்டால் கால் சுடும், போடாவிட்டால் பார்க்கிறவர்களுக்குச் சுடும். கைலி என்றால் தேவைப்பட்டால் மடித்துக் கட்டலாம், குளிர்ந்தால் இறக்கி விடலாம், ராத்திரி மண்டியில் லோடு இறக்க ஆள் வராவிட்டால் அதையே போர்த்திக்கொண்டு சீட்டில் படுக்கலாம். தோளில் போடும் துண்டும் அப்படித்தான். ஆவி படிந்த கண்ணாடியைத் துடைப்பது, சைலன்சர் பக்கம் கை வைக்கும்போது சுற்றிக்கொள்வது, சாப்பிட்ட கை துடைப்பது எல்லாம் அதுதான். அழகுக்குப் போட்டுக்கொள்கிற துண்டா அது?

கைலி சட்டவிரோதம் என்று அடித்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 2019 செப்டம்பரில் உத்தரப் பிரதேசத்தில் கைலி கட்டி லாரி ஓட்டினால் 2,000 ரூபாய் அபராதம் என்று செய்தி வந்தது, நம்ம ஊர் வாட்ஸ்அப் குரூப்பெல்லாம் அதுவே ஓடியது. அதே மாதம் மத்திய அமைச்சர் நிதின் கட்கரியின் அலுவலகம் ட்விட்டரில் மறுப்பும் போட்டது. அரைக்கைச் சட்டை, கைலி பனியன், செருப்பு இதற்கெல்லாம் புதிய சட்டத்தில் அபராதம் கிடையாது, வதந்தியை நம்பாதீர்கள் என்று. மறுப்பு வந்ததை எத்தனை பேர் ஃபார்வர்டு செய்தார்கள் என்று கேட்காதீர்கள். டிரைவர்களின் பேட்ஜ், சீருடை பற்றி விதி எழுதும் அதிகாரத்தை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 28-வது பிரிவு மாநிலங்களுக்குக் கொடுத்திருக்கிறது, அதனால் ஊருக்கு ஊர் பழக்கம் மாறும். இங்கே ஆட்டோக்காரருக்குக் காக்கி, டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவருக்கு வெள்ளை என்று கண் பழகிவிட்டது. லாரிக்காரருக்கும் காக்கிதான், ஆனால் அது பெரும்பாலும் சீட்டுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். செக்போஸ்ட் தெரிந்ததும் பனியன் மேலே ஏறும், தாண்டியதும் ஆணிக்குத் திரும்பும். எங்கள் 407-ல் தொங்குகிற காக்கிச் சட்டை அப்பா ஓட்டிய காலத்தில் தைத்தது. டிரைவர் மாறியிருக்கிறார், சட்டை மாறவில்லை. வண்டிக்கு வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பெயின்ட், குஞ்சம், திருஷ்டி பொம்மை என்று செலவழிக்கிற ஓனர்கள் அந்தச் சட்டைக்கு ஒரு பட்டன் தைத்துக் கொடுத்திருப்பார்களா என்பது சந்தேகம். எங்கள் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

என் கவலை கால்தான்.

மலை இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் சூடாகிப் பிடிக்காமல் போகும், அதனால்தான் இரண்டாவது கியரில் இறங்கு என்று இங்கே எல்லோரும் தலைப்பாடாக அடித்துக்கொள்கிறார்கள். அப்படி இறங்கும்போதும் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கால் பிரேக்குக்குப் போய் வர வேண்டும். அந்தக் காலில் என்ன இருக்கிறது? கேரட் கழுவுகிற இடத்தில் தண்ணீரில் நனைந்த, தோட்டத்துச் சேறு அடியில் அப்பிய, வார் தளர்ந்த ஹவாய் செருப்பு. வழுக்கும். இல்லாவிட்டால் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு வெறுங்காலில் ஓட்டுவார்கள், வளைவில் அந்தச் செருப்பு உருண்டு வந்து பிரேக் பெடலுக்கு அடியில் செருகிக்கொண்டால் அவ்வளவுதான். கைலியைப் பார்த்து முகம் சுளித்த எவரும் இதுவரை என்னிடம் செருப்பைப் பற்றிக் கேட்டதில்லை. குடோன் கேட்டில் மட்டும் ஷூ கேட்கிறார்கள், அதுவும் உள்ளே நடப்பதற்கு. கேட்டைத் தாண்டினால் எப்படி ஓட்டிக்கொண்டு போனால் அவர்களுக்கு என்ன?

அந்தக் கேட் ஷூ ஒரு தனிக் கதை. கனமான, முன்பக்கம் இரும்பு வைத்தது. சில இடத்தில் செக்யூரிட்டியிடமே இரண்டு ஜோடி இருக்கும், வருகிறவன் போகிறவன் எல்லாம் அதில்தான் கால் விட வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு ஓட்ட முடியாது. எங்களிடம் அப்பா காலத்திலிருந்து இருக்கிற அண்ணன் ஒருவர், நான் அண்ணா என்பேன், அவர் என்னைப் பாப்பா என்பார், சொன்னது இது: "பாப்பா, அந்த ஷூவைப் போட்டா பிரேக்கு எங்க இருக்கு, ஆக்சிலேட்டர் எங்க இருக்குன்னே காலுக்குத் தெரியறதில்ல. ரெண்டையும் ஒண்ணா மிதிச்சுருவேன்." அடி தடித்த ஷூவுக்கு அதுதான் பிரச்சினை, பழைய வண்டிகளில் பெடல்கள் நெருக்கமாக வேறு இருக்கும்.

அவர் செருப்பைக் கழற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டேஷ்போர்டில் முருகன் படம், பக்கத்தில் மாரியம்மன், தினமும் ஊதுபத்தி. சாமி இருக்கிற இடத்தில் செருப்புக் காலோடு எப்படி உட்காருவது? அவருக்குக் கேபின் பாதி வீடு, பாதி கோயில். இதை வெறும் அசட்டை என்று எழுதிவிட முடியாது, பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள்.

கார்த்திகை பிறந்தால் இது உச்சத்துக்குப் போகும். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் 41 நாள் மண்டல விரதத்தில் கறுப்பு வேட்டி, தாடி, வெறுங்கால். போன கார்த்திகையில் ஐச்சர் டிரைவர் அப்படிப் போய் ஒரு குடோன் கேட்டில் நின்றிருக்கிறார். செக்யூரிட்டி எழுந்து நின்று கும்பிட்டு, "சாமி மன்னிக்கணும், ஷூ இல்லாம உள்ள விடமாட்டாங்க சாமி" என்றாராம். அவர் மேல் தப்பில்லை, அவர் வேலை அது. கடைசியில் கிளீனர் பையன் அந்தப் பொது ஷூவை மாட்டிக்கொண்டு உள்ளே போய் பில் காட்டி, வேறு வண்டி டிரைவர் ஒருவர் இறங்கி வந்து எங்கள் வண்டியை உள்ளே ரிவர்ஸ் எடுத்துக் கொடுத்தார். அரை நாள் போயிற்று. சாமியிடம் கோபப்படவும் முடியாது, கேட்டிடம் கோபப்பட்டால் அடுத்த லோடு கிடைக்காது.

இந்த டீசன்ட்டில் குளிப்பதும் வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரியில் விடியற்காலை மூன்று மணிக்குப் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறவர் இருந்தால் எனக்குக் காட்டுங்கள். கீழே போய்க் குளிக்கலாம் என்றால் பெட்ரோல் பங்க் குழாய்தான். நாள் முழுக்க டிரைவர்களை வாசலில் காக்க வைக்கிற இடங்களில் அவர்களுக்கு என்று ஒரு பாத்ரூம் இல்லை, வியர்வை நாற்றம் அடிக்கிறது என்று மட்டும் சொல்லத் தெரிகிறது.

எல்லா விதியும் வெட்டி என்று நான் சொல்லவில்லை. கேஸ் சிலிண்டர் வண்டி, பெட்ரோல் டேங்கர் ஓட்டுகிறவர்கள் நைலான், பாலியஸ்டர் போடக் கூடாது, பருத்திதான் போட வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. செயற்கைத் துணி உரசினால் நிலைமின்சாரம் சேரும், ஒரு பொறி போதும். அதில் பேச்சே இல்லை. கைலியிலும் ஒரு ஆபத்து உண்டு, தொங்க விட்டால் நுனி கிளட்ச் பெடலில் மாட்டும். உள்ளே டவுசர் போட்டு மேலே மடித்துக் கட்டுங்கள் என்று எங்கள் ஆட்களிடம் சொல்லியிருக்கிறேன், அண்ணன் வெட்கப்பட்டார், ஆனால் செய்கிறார். மங்கி குல்லாவைத்தான் நான் அதிகம் திட்டுவேன். காதை மூடிவிட்டால் வளைவுக்கு அந்தப் பக்கம் அடிக்கிற ஹாரன் கேட்காது. மலையில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் இறங்குகிறவர் வழி விட வேண்டும், ஏறுகிறவர் வருவதே தெரியாவிட்டால் எங்கே ஒதுங்குவது? குல்லாவைக் காதுக்கு மேலே ஏற்றி விடுங்கள், குளிரட்டும். அப்புறம் அந்தப் பளபளக்கும் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட், குடோனுக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் போடச் சொல்கிறார்களே, அது உண்மையில் வேண்டியது ராத்திரி பனி மூட்டத்தில் வளைவில் நின்று டயர் மாற்றும்போது. அந்த நேரம் அது குடோன் கேட்டில் செக்யூரிட்டி நாற்காலியில் கிடக்கும்.

2025 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் என்று மத்திய அரசு ஆணை போட்டிருக்கிறது. நல்லது. ஏசி இருந்தால் கண்ணாடியில் ஆவியும் படியாது, காலும் வேகாது, பாதிப் பேர் தானாகவே பேண்ட்டுக்கு மாறிவிடுவார்கள், யாரும் அபராதம் போட வேண்டியதில்லை. எங்கள் 407-க்கு அந்தப் பாக்கியம் கிடையாது, இப்போதைக்குப் புது வண்டி வாங்கும் நிலையும் இல்லை.

ஆகவே இந்தத் தீபாவளிக்குச் சட்டைத் துணிக்குப் பதில் மெல்லிசான அடி வைத்த கேன்வாஸ் ஷூ எடுத்துத் தருவதாக முடிவு. வண்டிக்குள் மட்டும் போடுவதற்கு, வெளியே மிதிக்கவே கூடாது, அப்படியென்றால் சாமிக்கும் குற்றமில்லை என்று ஒரு வாதத்தையும் தயார் செய்து வைத்திருந்தேன். ஐச்சர் டிரைவர் உடனே சைஸ் சொல்லிவிட்டார், மாலை போடுகிற நாட்கள் தவிர என்ற நிபந்தனையோடு. அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சேறு படாததுன்னா சரி பாப்பா, ஆனா வெள்ளைக் கலர் வேண்டாம், பசங்க சிரிப்பாங்க" என்றார். கறுப்பில் எட்டாம் நம்பர் இங்கே கடையில் இல்லை, மேட்டுப்பாளையத்தில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.