கடைசிக்கு முந்தின பக்கம்

"இது ரொம்ப நாளா இருக்கு சார். போன வருஷமே பாத்திருக்கேன்."

நான் சொன்னது இவ்வளவுதான். இதில் முதல் வாக்கியத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. வாடகை நூலகத்தில் வேலை பார்க்கிற எவனும் எந்தக் கிறுக்கலைக் காட்டினாலும் கண்ணை மூடிக்கொண்டு அதைச் சொல்லலாம், பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். இரண்டாவது வாக்கியம்தான் உறுத்துகிறது. யாரும் கேட்காமல் நானாகப் போய்ச் சொன்ன சாட்சி அது.

வந்தவர் ஒரு வாடிக்கையாளரின் கணவர். டெபாசிட், கார்டு எல்லாம் அந்த அம்மா பேரில். இவர் எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை வண்டியை அணைக்காமலே வாசலில் நின்று புத்தகத்தை நீட்டிவிட்டுப் போவார். அன்றைக்கு அணைத்துவிட்டு உள்ளே வந்தார். நாவலின் கடைசிக்கு முந்தின பக்கத்தை விரித்து மேஜைமேல் வைத்தார். அச்சு முடிந்த இடத்துக்குக் கீழே பென்சிலில் ஒரு வரி இருந்தது: "சொல்லாமலே இருந்திருக்கலாம். நான் இருக்கிறேனே."

"இத யாரு சார் எழுதினது?"

"தெரியாதுங்க. எத்தனையோ கை மாறின புக்கு."

"லெட்ஜர்ல இருக்குமே, யார் யார் எடுத்தாங்கன்னு."

"எடுத்தவங்க பேரு இருக்கும். எழுதினவங்க பேரு எப்படி சார் இருக்கும்?"

இந்தப் பதில் எனக்கு இன்றைக்கும் பிடிக்கிறது. அதில் பொய் இல்லை, யாரையும் காட்டிக் கொடுக்கவும் இல்லை. அதோடு வாயை மூடியிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அவர் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த 'றே' போட்டிருக்கறது எங்க வீட்ல போடற மாதிரியே இருக்கு" என்றார். சிரித்துக்கொண்டு சொன்னார் என்றுதான் ஞாபகம். சிரிக்கவே இல்லையோ என்றும் சில நாள் தோன்றுகிறது. அப்போதுதான் அந்த இரண்டு வாக்கியங்களும் வந்து விழுந்தன. அந்த அம்மா புத்தகத்தை எடுத்துப் போனது அதே மாதம். போன வருஷமே இருந்த எழுத்து என்றால் அது அவருடையதாக இருக்க வழியில்லை. இந்தக் கணக்கை அந்தக் கணவரும் போட்டிருப்பார். "ஓ, அப்படியா" என்றார்.

நாவலின் பெயர் வேண்டாம். தங்கச்சி என்று ஊருக்குச் சொல்லி வளர்க்கிற குழந்தை உண்மையில் கதாநாயகி பெற்ற மகள். மாப்பிள்ளையிடம் மூச்சு விடக் கூடாது என்று கல்யாணத்துக்கு முன்னால் அவள் அம்மா சத்தியம் வாங்கிக்கொள்கிறாள். மாப்பிள்ளை பணக்காரன், முன்கோபி, உள்ளுக்குள் தங்கம். இந்த வகை நாவலில் வேறு எப்படி இருப்பான்? ஊடலும் கூடலுமாகப் போய், கடைசி அத்தியாயத்தில் அவளே சொல்லிவிடுகிறாள். அவன் ஒன்றரைப் பக்கத்தில் மன்னித்துவிடுகிறான்.

அந்த ஒன்றரைப் பக்கத்துக்காக எங்கள் மேஜைக்கு முன்னால் நடந்த வாக்குவாதங்களுக்குக் கணக்கில்லை. ரிடையரான டீச்சர் ஒருவர், "எந்த ஊர்லப்பா இருக்கான் இப்படி ஒருத்தன்?" என்று திட்டிக்கொண்டே அதே நாவலை மறுபடி எடுத்துப் போவார். ஒரு பாட்டி கதாநாயகியை விட்டுவிட்டு, சத்தியம் வாங்கின அம்மாவைப் பிடித்துக்கொண்டார்: "பெத்தவளைச் சொல்லணும். இவ பாவம், என்ன பண்ணுவா?" ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண் கேட்டதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. "அண்ணா, அந்தக் கொழந்தைகிட்ட யாரு சொல்வாங்க? அதப் பத்தி ஒரு வரிகூட இல்லையே." ஆனால் அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. புருஷன் மன்னித்தால் கதை முடிந்தது என்பதில் டீச்சர், பாட்டி எல்லாரும் ஒரே கட்சி.

எங்களிடம் வரும் வக்கீல் ஒருவர் மனைவி கார்டில் இந்த நாவல்களை எடுப்பார். படிப்பது யார் என்று எங்களுக்குத் தெரியும். அவர் தீர்ப்பு வேறு. "என்னய்யா கதை இது? இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 12. முக்கியமான விஷயத்தை மறைச்சு மோசடியா சம்மதம் வாங்கியிருந்தா கல்யாணத்தை ரத்து பண்ணக் கேக்கலாம். ஆனா மோசடி தெரிஞ்ச ஒரு வருஷத்துக்குள்ள மனு போட்டாகணும். தெரிஞ்ச பிறகும் சம்மதிச்சு சேர்ந்து வாழ்ந்தா அந்த மனு நிக்காது. கதாசிரியர் இதையெல்லாம் ஒரு வக்கீல்கிட்ட கேட்டிருக்க வேணாமா?" எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, இதே பேச்சு வேறு மாதிரி திரும்பத் திரும்ப வருகிறது. சட்டத்தில்கூட தெரிந்த நாளிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. தெரிந்தும் கூட வாழ்ந்தால் அது ஒரு வகை முடிவாகிறது. தெரியாதவனுக்கு அந்த வாய்ப்பும் கிடையாது. என் இரண்டாவது வாக்கியம் அந்த மனிதருக்கு எதை மறுத்தது? இப்படி யோசிக்கும்போதே, நீ யாரடா அவர் குடும்பத்துக்கு நாள் குறிக்க என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த எழுத்து யாருடையது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எனக்கு ஓரளவு தெரியும். வாடிக்கையாளர்கள் பலர் படித்த புத்தகத்தில் ஓர் அடையாளம் வைப்பார்கள். மறந்துபோய் மறுபடி எடுத்துவிடக் கூடாது, வாடகை தண்டமாகிவிடும். ஒருவர் 27-ஆம் பக்க எண்ணைச் சுழிப்பார். ஒருவர் முதல் அத்தியாயத்துத் தலைப்பில் பிள்ளையார் சுழி போடுவார். இந்த அம்மா பக்க எண்ணுக்குக் கீழே கோலம் போடத் தொடங்குகிற மாதிரி நான்கு புள்ளி வைப்பார். அந்த நாவலிலும் நான்கு புள்ளி இருந்தது. அதனால் அவர் படித்தார் என்பது உறுதி, எழுதினார் என்பது இல்லை. புத்தகம் திரும்பி வந்தால் நான் பின்னட்டையையும் கிழிசலையும் பார்ப்பேன், கடைசிக்கு முந்தின பக்கத்தை யார் பார்க்கிறார்கள்? அந்த வரி போன வருஷமே இருந்திருக்கலாம். அப்படியென்றால் நான் சொன்னது தற்செயலாக உண்மை. இந்தச் சமாதானம் எனக்குள் அதிக நேரம் நிற்பதில்லை, ஆனாலும் இருக்கிறது.

அப்புறம், "நான் இருக்கிறேனே" என்றால் என்ன? புடவை விலையைக் குறைத்துச் சொன்னவள்கூட அப்படி எழுதலாம். நகை அடகில் இருப்பதைச் சொல்லாதவள் எழுதலாம். எழுதியது ஓர் ஆணாகவும் இருக்கலாம், வக்கீலாகவே இருக்கலாம். அந்த ஒரு வரியில் நான் ஒரு முழுக் கதையைப் பார்த்தேன் என்றால் அதற்கு ஜெயகாந்தன் ஒரு காரணம். 1966-ல் ஆனந்த விகடனில் அவருடைய 'அக்கினிப் பிரவேசம்' வந்தது. மழையில் ஒருவன் காரில் ஏறி, கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் பெண்ணின் தலையில் அம்மா தண்ணீரைக் கொட்டி, விஷயத்தை அங்கேயே மூடிவிடுகிறாள். வாசகர்கள் கொதித்தார்கள். அப்படி ஓர் அம்மா இருக்கலாமா என்று சண்டை நடந்தது. பிறகு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் அவரே கதையைத் திருப்பிப் போட்டார். இதில் அம்மா மூடவில்லை, ஊரைக் கூட்டிவிடுகிறாள், அண்ணன் அவளை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். 1972-ல் அதற்கு சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. அந்த நாவலுக்குள் கதாநாயகி கங்கா பழைய சிறுகதையை ஒரு பத்திரிகையில் படித்து, இது நம் கதையாயிற்றே என்று திகைக்கிறாள். நான் அதைப் படித்ததிலிருந்து புத்தகம் எடுக்க வருகிற ஒவ்வொரு பெண்ணையும் கொஞ்சம் கங்காவாகப் பார்த்திருக்கிறேன் என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அது அவர்களுக்குச் செய்கிற மரியாதை இல்லை. டீச்சருக்கு இந்த நாவல் சாயங்காலக் காபியோடு போகிற விஷயம், அவ்வளவுதான்.

முதலாளி அண்ணாச்சியிடம் சொன்னேன். "நல்லா சமாளிச்ச வே. இங்கன நின்னு ஒருத்தன் சத்தம் போட்டாம்னா, பிறகு எந்தப் பொம்பளை வருவா?" என்றார். அவர் பாராட்டியதில் எனக்குச் சங்கடம் கூடியது. அந்த அம்மாவுக்காகச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வியாபாரத்துக்காகச் சொன்ன மாதிரியும் ஆகிவிட்டது. இரண்டும்தான் என்று வைத்துக்கொண்டாலும் எது முன்னால் வந்தது என்று தெரியவில்லை. யோசித்துச் சொல்ல நேரம் எங்கே இருந்தது?

இதைவிட மோசமான யோசனை ஒன்று உண்டு. ஆயிரக்கணக்கான புத்தகங்கள் இருக்கிற கடையில் ஒரு பென்சில் வரியை 'போன வருஷமே பார்த்தேன்' என்று ஒருவன் உடனே சொன்னால், புத்திசாலியான மனிதர் என்ன நினைப்பார்? இவன் ஏன் இவ்வளவு அவசரமாக மறுக்கிறான் என்றுதானே? விளையாட்டாகக் கேட்டவருக்கு நானே சந்தேகத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அவர் அடுத்துச் சொன்னது அதற்கு இடம் தருகிறது: "சரி, நானே ஒரு தடவ படிச்சுப் பாக்கறேன். அவ கார்டுலயே போட்டுக்குங்க." போட்டேன். வேறென்ன செய்ய முடியும்?

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க அந்த அம்மாதான் வந்தார். மற்ற புத்தகங்களோடு அதுவும் பையில் இருந்தது. முகத்தைப் பார்க்க எனக்குத் தயக்கம். வழக்கமாகக் கேட்பதுபோலக் கேட்டுவைத்தேன்.

"சாரும் படிச்சாராமே மேடம், என்ன சொன்னாரு?"

"அவரா? பாதியிலயே தூங்கிட்டாருண்ணா."

அவ்வளவுதான். வரி அப்படியே இருந்தது. அழிக்கவும் இல்லை, கீழே யாரும் எதுவும் சேர்க்கவும் இல்லை. ஸ்டாக் எடுக்கும்போது பென்சில் கிறுக்கலை எல்லாம் அழித்துவைக்கச் சொல்வார் அண்ணாச்சி. இதை அழிப்பதா வேண்டாமா என்று ரப்பரை எடுத்தேன், வைத்தேன். அழித்துவிட்டால், அந்தக் கணவர் மறுபடி வந்து பார்த்தால் என்ன நினைப்பார்? அழிக்காவிட்டால் இன்னும் எத்தனை பேர் வீட்டில் 'இது யார் எழுத்து' என்று கேள்வி வரும்? புத்தகத்தை ஷெல்ஃபிலேயே வைத்துவிட்டேன்.

அன்றைக்கு அந்த அம்மாவுக்கு நானாக ஒரு நாவலை எடுத்துக் கொடுத்தேன். அதில் குடும்ப ரகசியம் கடைசிவரை வெளியே வருவதில்லை, யாருக்கும் எதுவும் தெரியாமலே எல்லாரும் சேர்ந்து இருக்கிறார்கள். அவருக்குப் பிடிக்கும் என்று எனக்குள் ஓர் எண்ணம், கொஞ்சம் பெருமைகூட. இரண்டு நாளில் கொண்டுவந்து வைத்தார்.

"என்னண்ணா குடுத்தீங்க? ஒண்ணுமே நடக்கல. கொஞ்ச நாளைக்குக் காதல் கதையே வேணாம், துப்பறியும் கதையா எடுத்துக் குடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். முந்தின புத்தகத்துக்கும் வாடகை வாங்கிக்கொண்டேன்.