உதிர்ந்ததை எல்லாம் அள்ள வேண்டியதில்லை

இலையுதிர்காலத்தில் தோட்டத்தைப் பார்க்க வருகிறவர்கள் தலையைத் தூக்கிக்கொண்டுதான் நடப்பார்கள். வேலை செய்கிற நாங்கள் குனிந்த தலை நிமிர்வதில்லை. அவர்கள் ரசிக்கிற மேப்பிள் சிவப்பு அடுத்த வாரம் வண்டி வண்டியாக எங்கள் தலையில்தான் விழும்.

கோடை வேலை பெரும்பாலும் பழக்கத்தில் நடப்பது. புல் வெட்டு, களை எடு, தண்ணீர் விடு, வாடிய பூவைக் கிள்ளு. கை பாட்டுக்குச் செய்துகொண்டிருக்கும், மனசு எங்கேயோ இருக்கும். செப்டம்பரில் தொடங்கி நவம்பர் முடியும் வரை அது நடக்காது. நீண்ட மலர்ப் பாத்திகள், புல்தரை, குளம், உயிர்வேலி, வயதான மரங்கள் என்று எல்லாம் இருக்கிற ஒரு பெரிய அலங்காரத் தோட்டத்தில் அடுத்த வருஷத்தின் பாதி இந்த மாதங்களில் முடிவாகிவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இதைக் கேட்டதும் கத்தரியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியது எதை வெட்டக் கூடாது, எதை அள்ளக் கூடாது என்பதைத்தான். என்ன செய்வது என்பது தானாக வந்துவிடும்.

இலையிலிருந்தே தொடங்குகிறேன். பகல் சுருங்கி இரவு குளிர ஆரம்பித்ததும் மரம் இலையிலுள்ள பச்சையத்தை உடைக்கிறது. நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகியவற்றில் பெரும் பங்கைக் கிளைக்குள் திரும்ப இழுத்துக்கொள்கிறது. பச்சை விலகியதும், ஏற்கெனவே அங்கே இருந்த கரோட்டினாய்டுகள் என்ற மஞ்சள் நிறமிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. சிவப்பு அப்படி ஒளிந்திருந்தது அல்ல. இலையில் மீதமிருக்கும் சர்க்கரையைக் கொண்டு அந்தக் கடைசி வாரங்களில் புதிதாக உண்டாகிற ஆந்தோசயனின் என்ற நிறமி அது. பளிச்சென்ற பகலும், உறையாத அளவுக்குக் குளிர்ந்த இரவும் தொடர்ந்து வந்த வருஷங்களில் சிவப்பு தூக்கலாக இருப்பது அதனால்தான். அப்புறம் காம்பின் அடியில் ஒரு மெல்லிய அடுக்கு உருவாகி, இலை கழன்று விழுகிறது.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நல்லதையெல்லாம் மரம் எடுத்துக்கொண்ட பிறகு கீழே விழுகிற இலையில் மிஞ்சுவது பெரும்பாலும் கார்பன்தான். அதை மக்க வைப்பது முக்கியமாகப் பூஞ்சைகளின் வேலை. பூஞ்சைக்கு அவசரமே கிடையாது. ஆகவே இலையைச் சமையல் கழிவு, வெட்டிய புல் எல்லாம் போடுகிற உரக் குழியில் மொத்தமாகக் கொட்டினால் மற்றதையும் சேர்த்து அது மந்தமாக்கிவிடும். நாங்கள் கம்பி வலையால் நான்கு பக்கமும் அடைத்த தனிக் கூண்டுகளில் இலையை மட்டும் போட்டு மிதிப்போம். காய்ந்திருந்தால் தண்ணீர் விடுவோம். ஓக், பீச் இலைகள் மக்க இரண்டு வருஷம்கூட ஆகும். பிளேன் மரத்தின் தடித்த இலை இன்னும் பிடிவாதம் பிடிக்கும். புல்வெட்டும் இயந்திரத்தை மேலே ஓட்டித் துண்டாக்கிப் போட்டால் காலம் குறையும். இரண்டாம் வருஷக் கூண்டின் அடியில் கையை விட்டால் வருவது கறுப்பான, ஈரமான, உதிரியான பொருள். சத்து அதிகமில்லை. ஆனால் ஈரத்தைப் பிடித்துவைப்பதில் அதற்கு இணை குறைவு. விதை ஊன்றவும், மண்ணின் மேல் பரப்பி மூடுகிற மூடாக்காகப் போடவும் விலைக்கு வாங்குகிற எதையும்விட நான் அதைத்தான் நம்புவேன்.

சரி, எங்கே அள்ளுவது? புல்தரையில் அள்ளியே ஆக வேண்டும். ஈர இலை ஒரு அடுக்காகப் படிந்து சில நாள் கிடந்தாலே கீழே உள்ள புல் வெளிச்சமில்லாமல் வெளுத்துவிடும், நோயும் பிடிக்கும். நடைபாதையில் வழுக்கும். குளத்தில் விழுந்தது அடியில் அழுகித் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைக் குறைக்கும். அதனால் உதிர ஆரம்பிக்கும் முன்பே குளத்துக்கு மேலே வலை கட்டிவிடுவது. ரோஜாப் பாத்தியில் கரும்புள்ளி நோய் வந்த இலைகளை ஒன்று விடாமல் பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பூஞ்சை அங்கேயே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வசந்தத்தில் புது இலையில் ஏறும். இவ்வளவுதான். மரத்தடி, புதர்களின் கீழ், காட்டுப் பகுதி இங்கெல்லாம் இலை விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும். மண்புழு இழுத்துக்கொண்டு போகும். அங்கிருந்தும் வாரி எடுத்துவிட்டு, அதே இடத்தில் கொட்ட மூட்டை மூட்டையாக மூடாக்கு வாங்கும் தோட்டங்களும் இருக்கின்றன. எனக்கு அது விளங்கியதே இல்லை.

காலையில் இலையை ஊதித் தள்ளும் ப்ளோயரைக் கையில் எடுப்பது வீண். இரவு ஈரத்தில் இலை தரையோடு ஒட்டியிருக்கும், இயந்திரம் எவ்வளவு கத்தினாலும் அசையாது. கொஞ்சம் காய்ந்த பிறகு, காற்று அடிக்கிற பக்கமே தள்ள வேண்டும். எதிர்த்துத் தள்ளினால் அரை மணி நேரத்தில் இலை பழைய இடத்தில் இருக்கும், கை மட்டும் வலிக்கும். ஓரங்களுக்கு ரேக்கும் தார்ப்பாயும் போதும். தார்ப்பாயின் நடுவில் குவித்து, நான்கு முனையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடலாம்.

எந்த மரத்தடி யாருக்கு என்பதில் எங்களுக்குள் சின்னப் போட்டி உண்டு. கட்சுரா மரத்தடி என்றால் எல்லாருக்கும் ஆசை. அதன் காய்ந்த இலை சர்க்கரையைக் கருக்கியது போல மணக்கும். பெண் கிங்கோ மரத்தடியை யாரும் கேட்டு வாங்குவதில்லை. உதிர்ந்த விதையின் சதையில் பியூட்டிரிக் அமிலம் இருக்கிறது. கெட்டுப்போன வெண்ணெயில் நாறுவதும் அதே அமிலம்தான். மிதித்துவிட்டால் செருப்பைக் கழுவும் வரை கூடவே வரும். இதில் ஒரு ஆறுதல், நல்ல உறைபனி விழுந்தால் கிங்கோ இலை மொத்தமும் ஒரே நாளில்கூடக் கொட்டிவிடும். ஒரே தடவையில் வாரி முடித்துவிடலாம்.

உறைபனி என்றதும் டேலியா. அந்த ஒரு இரவில் அது அடியோடு மாறிவிடும். முதல் நாள் மாலை வரை தட்டு அளவுக்குப் பூத்திருந்த செடி காலையில் வேகவைத்த கீரையாய்க் கறுத்துத் தொங்கும். பார்க்க வருகிறவர்கள் ஐயோ என்பார்கள். எங்களுக்கு அது நாங்கள் காத்திருந்த அடையாளம். அதற்கு முன்னால் தோண்டக் கூடாது. பகல் குறையக் குறையத்தான் டேலியா கிழங்கைப் பருக்க வைக்கிறது. அழகு குறைந்துவிட்டது என்று அக்டோபர் ஆரம்பத்திலேயே பிடுங்கினால் கையில் வருவது விரல் மொத்தத்துக்கு மெலிந்த கிழங்கு.

இலை கறுத்த பிறகு தண்டைப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் விட்டு வெட்டுகிறோம். தண்டு உள்ளே குழல். வெட்டின வாயிலிருந்து தண்ணீர் ஒழுகும். பெயர்ச்சீட்டைக் கட்டுவது அந்த நிமிஷத்திலேயே. மண்ணிலிருந்து வெளியே வந்துவிட்டால் ரத்தச் சிவப்பும் வெள்ளையும் ஒரே மாதிரியான பழுப்புக் கிழங்குதான். அப்புறம் ஃபோர்க்கைத் தண்டிலிருந்து ஒரு அடி தள்ளிச் சுற்றிலும் இறக்கி, மெதுவாக நெம்பி, கொத்தாகத் தூக்க வேண்டும். தண்டைப் பிடித்து இழுத்தால் கிழங்கின் கழுத்து முறியும். முறிந்த கிழங்கு எவ்வளவு பருத்திருந்தாலும் குப்பைதான், ஏனென்றால் அடுத்த வருஷத்து முளைக்கண் கிழங்கில் இல்லை, அது தண்டோடு சேர்கிற தலைப்பகுதியில் இருக்கிறது. மண்ணை உதறி, தண்டு கீழே பார்க்கத் தலைகீழாக அடுக்கிவைத்தால் குழலுக்குள் தேங்கிய நீர் வடிந்துவிடும். பிறகு உலர்ந்த மணலிலோ பழைய தொட்டி மண்ணிலோ புதைத்து, உறையாத இடத்தில், சுமார் ஐந்து டிகிரி குளிரில் வைக்க வேண்டும். இடையிடையே எடுத்து அமுக்கிப் பார்ப்போம். கொழகொழத்ததை உடனே வெளியே போடாவிட்டால் பெட்டி முழுவதும் போய்விடும்.

டேலியா வெளியேறிய பாத்தியில் துலிப் போகும். இங்கேயும் அவசரம் ஆகாது. டாஃபடில் சீக்கிரம் வேர் விடும், அதனால் செப்டம்பரிலேயே ஊன்றிவிடலாம். துலிப்பை நவம்பர் வரை தள்ளிப்போடுவது வழக்கம். மண் குளிர்ந்த பிறகு ஊன்றினால், இலையைக் கருக்கிப் பூவில் புள்ளி போடும் பூஞ்சை நோயின் தொல்லை குறைகிறது. கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழம், முனை மேலே. வழுக்கலாகவோ பூசணம் ஏறியோ இருக்கிற கிழங்கை ஊன்றுவதே இல்லை. அப்படிக் கழித்ததில் ஒன்றைப் புதியவர்களுக்காகக் கத்தியால் நெடுக்கப் பிளந்து காட்டுவேன். நடுவில் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வெளிறிய மொட்டு இருக்கும். உற்றுப் பார்த்தால் இதழும் மகரந்தத் தாளும் தனித்தனியாகத் தெரியும். ஏப்ரலில் பூக்கப்போகிற பூ அது. கோடையிலேயே உள்ளுக்குள் உருவாகிவிட்டது. தண்டு நீளுவதற்குத்தான் பல வாரக் குளிர் தேவைப்படுகிறது. குளிர் போதாவிட்டால் பூ வரும், ஆனால் குட்டைத் தண்டில், இலைக்கு நடுவே சிக்கிக்கொண்டு நிற்கும்.

அணில்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும். நாங்கள் கிளறிய மண்ணை மோந்து பார்த்துக்கொண்டு பின்னாலேயே வரும். துலிப்பும் குரோகஸும் அவற்றுக்கு விருந்து. டாஃபடிலைத் தொடாது, அதில் லைகோரின் என்ற நச்சு இருக்கிறது. துலிப் ஊன்றிய இடத்தின் மேல் கம்பி வலை விரித்துக் கல் வைப்பதைத் தவிர நம்பகமான வழி எதையும் நான் பார்க்கவில்லை. மிளகாய்ப்பொடி தூவிப் பார்த்தவர்கள் ஒரு மழைக்குப் பிறகு பேச்சை மாற்றிவிடுவார்கள்.

புல்தரையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாசியையும் செத்த புல் நார்களையும் வாரி எடுப்பது, இறுகிய இடத்தில் துளையிட்டு மணல் தள்ளுவது, இதெல்லாம் மண்ணில் சூடு இருக்கும்போதே முடிந்திருக்க வேண்டும். உறைபனி படிந்த புல்லில் மட்டும் யாரையும் நடக்க விடக் கூடாது. மிதித்த இடத்தில் செல்கள் உடைந்து, காலடி காலடியாகக் கறுத்துத் தெரியும்.

கவாத்துதான் பெரிய தலைவலி. இலை கொட்டிய புதரைப் பார்த்தால் எல்லாருக்கும் வெட்டத் தோன்றுகிறது. லைலாக், ரோடோடென்ட்ரான், மக்னோலியா மூன்றும் வசந்தத்துக்கான மொட்டை ஏற்கெனவே கட்டி வைத்திருக்கும். இப்போது அழகுபடுத்தினால் வசந்தத்தில் வெறும் இலை. செர்ரி, பிளம் வகைகளைக் கோடையில்தான் வெட்ட வேண்டும், குளிர்ந்த ஈரப் பருவத்தில் வெட்டுக்காயம் வழியாக வெள்ளியிலை நோய் ஏறிவிடும். ஹைட்ராஞ்சியாவின் காய்ந்த பூங்கொத்தை விட்டுவைப்பது கீழே உள்ள மொட்டுகளுக்குப் பனியிலிருந்து கொஞ்சம் மறைவு கிடைக்கும் என்பதற்காக. ரோஜாவில் உயரமான தண்டுகளை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறோம். அது பூவுக்காக இல்லை. காற்று செடியை ஆட்டினால் அடித்தண்டைச் சுற்றி மண்ணில் குழி விழும், அதில் நீர் தேங்கி உறையும்.

மரங்களின் அடியை ஒரு சுற்று பார்ப்பதும் இப்போதுதான். மழைக்குப் பிறகு புல்லில் முளைக்கிற காளான்கள் பெரும்பாலும் யாருக்கும் கெடுதல் செய்வதில்லை, நாலு நாளில் தானாகப் போய்விடும். ஆனால் தேன் நிறத்தில், கொத்துக் கொத்தாக, மரத்தின் அடியை ஒட்டி வந்தால் பட்டையைக் கொஞ்சம் கிளப்பிப் பார்ப்போம். உள்ளே வெள்ளைத் தாள் ஒட்டியது போலப் பூஞ்சை படர்ந்து, காளான் வாசனை அடித்தால் அது ஆர்மில்லாரியா, வேரை அழுகவைத்து மரத்தைக் கொல்லும் பூஞ்சை. மண்ணுக்குள் கறுப்பு ஷூ கயிறு போன்ற இழைகளை நீட்டி அடுத்த மரத்துக்குப் போகக்கூடியது. மருந்து கிடையாது. மரத்தையும் கிடைக்கிற வேரையும் தோண்டி அப்புறப்படுத்துவதுதான் ஒரே வேலை. நிழலுக்காக எல்லாரும் உட்கார்ந்து பழகிய மரமாக இருந்தால் அதை மேலிடத்தில் சொல்லிப் புரியவைப்பது தோண்டுவதைவிடக் கஷ்டம்.

மேலிடம் என்றதும் நினைவுக்கு வருவது நீண்ட பாத்தி விவகாரம். எக்கினேசியா, ருட்பெக்கியா, செடம், உயரப் புல்வகைகள் எல்லாம் பூ முடிந்து பழுப்பாக நிற்கும். விதைத்தலையில் சின்னக் குருவிகள் தொங்கிக்கொண்டு கொத்தும். குழல் தண்டுகளுக்குள் பூச்சிகள் குளிர்காலத்தைக் கழிக்கும். நிற்கிற தண்டு செடியின் தலைப்பகுதிக்கு ஓரளவு பனி மறைவும்கூட. நிர்வாகத்தில் உள்ளவர்களுக்கு இதைப் பார்த்தால் நாங்கள் வேலை செய்யவில்லை என்று தோன்றுகிறது. வருஷா வருஷம் நவம்பரில் ஒரு மின்னஞ்சல் வரும்: பாத்தி எப்போது சுத்தமாகும்? பியோனி இலையை நோய்க்குப் பயந்து வெட்டிவிட்டோம், ஹோஸ்டா அழுகினதை எடுத்துவிட்டோம், மற்றதை விட்டுவைத்திருக்கிறோம் என்று தலைமைத் தோட்டக்காரர் பொறுமையாகப் பதில் போடுவார். அதே பாத்தியில் உறைபனி படிந்த ஒரு காலைப் படத்தைத்தான் அவர்கள் குளிர்கால விளம்பரத்துக்கு எடுத்துப் போடுவார்கள் என்பது வேறு கதை.

இதற்கிடையில் மண் ஒட்டாத வேரோடு மரக்கன்றுகள் வந்து இறங்கிவிடும். இலை இல்லாமல் உறங்குகிற நேரத்தில் நட்டால்தான் அவை தாங்கும். குழி அகலமாக இருக்கலாம், வேரைவிட ஆழமாக இருக்கக் கூடாது. முட்டுக்கம்பைத் தாழ்வாகவே கட்டுகிறோம், மேல்பக்கம் காற்றில் ஆடினால்தான் தண்டு பருக்கும். வந்த அன்றே நட முடியாவிட்டால் வேர் காயாமல் ஈர மண்ணில் தற்காலிகமாகப் புதைத்துவைக்க வேண்டும். இந்த வேலைக்கு ஆள் போதவே போதாது. நீண்ட பாத்தியைப் பிப்ரவரி கடைசியில்தான் வெட்டுவோம். அதற்குள் இன்னொரு மின்னஞ்சலாவது வந்திருக்கும்.