நீரோடிக்கு வந்த இரட்டைப் படகு

எங்கள் வீட்டிலிருந்து கடலுக்குப் போகும் ஒழுங்கையில் மூன்று இடத்தில் மின்கம்பி குறுக்கே போகிறது. இங்கே குடிவந்த முதல் மாதமே அந்த மூன்றையும் மனதில் குறித்துக்கொண்டேன். என் படகின் பாய்மரம் அலுமினியம். நட்டால் 8 மீட்டருக்கு மேலே போகும். இந்த வகைப் படகின் பாய்மர நுனியை மின்சாரம் கடத்தாத கண்ணாடியிழையில் செய்யத் தொடங்கியதே, கம்பியில் பட்டு ஆட்கள் செத்த பிறகுதான். ஆகவே மரத்தைப் படுக்கவைத்தே கரைவரைக்கும் கொண்டுபோக வேண்டும். தலைக்கு மேலே ஒன்றுமில்லாத இடமாகப் பார்த்து அங்கேதான் நட்ட வேண்டும்.

ஒழுங்கை என்று நான் சொல்லும் சந்துக்கு இங்கே முடுக்கு என்று பெயர். வந்த புதிதில் நான் ஒழுங்கை என்றபோது என் மச்சாளின் மகன் பள்ளிக்கூட ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டான்.

நான் பிறந்தது யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறை. 1995 இடப்பெயர்வில் எட்டு வயதில் வெளிக்கிட்டு, கொழும்பில் இரண்டு வருடம் இருந்து, பிறகு மெல்பன். கணவரின் ஊர் நீரோடி. மேற்குக் கரையில் தமிழ்நாட்டின் கடைசி ஊர் இது. அடுத்து வரும் பொழியூர் கேரளம். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு, அன்று சென்னை மாநிலமாக இருந்த தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது கோடு இங்கேதான் விழுந்தது. கோட்டுக்கு இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள். கல்யாண வீட்டில் ஒரு பந்தியில் தமிழும் மலையாளமும் கலந்து ஓடும். மாமிக்கு உடம்பு முடியாமல் போனதும், 2022-ல் நாங்கள் மெல்பன் வீட்டைக் காலி செய்துகொண்டு இங்கே வந்தோம்.

சென்னையில் நான் வாயைத் திறந்தால் ஆட்டோக்காரர் "கேரளாவா மேடம்?" என்று கேட்பார். நீரோடியில் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. நான் "ஆர்" என்றால் இவர்கள் "ஆரு" என்கிறார்கள். என் அம்மம்மா பறைவதைப் போலவே பக்கத்து வீட்டு ஆச்சியும் "பறஞ்சேன்" என்கிறா. புட்டுக்குத் தேங்காய்ப்பூ போடும் அளவுகூட ஒன்றுதான். முப்பது வருடத்தில் முதல் தடவையாக என் பேச்சை நான் திருத்திக்கொள்ளாமல் கடைக்குப் போய் வருகிறேன். இதை எழுதும்போதே தொண்டை அடைக்கிறது.

இனிப் படகு. மெல்பனில் போர்ட் பிலிப் விரிகுடாக் கரையில் பாயோட்டப் படித்தது ஹோபி 16 என்ற படகில். கலிஃபோர்னியாவில் சர்ஃப் பலகை செய்துகொண்டிருந்த ஹோபி ஆல்டர், துறைமுகம் தேவையில்லாமல் மணலிலிருந்தே அலைக்குள் இறக்கலாம் என்று செய்த படகு. நீளம் 5 மீட்டர், அகலம் 2.4 மீட்டர், எடை 145 கிலோ. வாழைப்பழம் போல வளைந்த இரண்டு மிதவை, நடுவே இழுத்துக் கட்டிய துணித்தளம். அதற்கு டிராம்போலின் என்று பெயர். இங்கே வந்த இரண்டாவது வருடம், கோவாவில் ஒரு விடுதியார் டிரெய்லரோடு விற்கிறார்கள் என்று தெரிந்ததும் நானும் கணவரும் போய் வாங்கினோம். தேசிய நெடுஞ்சாலை 66 கோவாவிலிருந்து மங்களூர், கோழிக்கோடு, கொச்சி, திருவனந்தபுரம் என்று கடலை ஒட்டியே வந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. மூன்று நாள் பயணம். நூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை இறங்கிச் சக்கரத்தின் குடத்தைத் தொட்டுப் பார்ப்பேன். சூடு ஏறியிருந்தால் உள்ளே கிரீஸ் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். டிரெய்லரைத் தண்ணீருக்குள் இறக்கி எடுக்கிறவர்களுக்கு முதலில் கெட்டுப்போவது அந்தப் பேரிங்தான். உப்புத்தண்ணீர் உள்ளே போனால் ஒரு பருவம்கூடத் தாங்காது.

முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தியபோது மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு ஒரு சுற்று சுற்றினார். பதினான்கு வயதில் கட்டுமரத்தில் ஏறியவர். பிறகு பலகை வள்ளம், சுனாமிக்குப் பிறகு ஃபைபர் வள்ளம் என்று அறுபத்தைந்து வரை கடலில் இருந்தவர். இதற்கு வெளிநாட்டில் கட்டமரான் என்று பெயர், நம்முடைய கட்டுமரம் என்ற சொல்லைத்தான் வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டான், 1697-லேயே டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி எழுதிவைத்திருக்கிறான் என்று நான் சொன்னேன்.

"இது எங்க மக்கா கட்டுமரம்? ரெண்டு தோணியைச் சேர்த்து வச்சிருக்கு" என்றார்.

அவர் சொன்னது சரி. கட்டுமரத்தில் குடைவோ உள்ளறையோ கிடையாது. அடுத்தடுத்துக் கிடக்கும் மரத்தடிகளைக் கயிற்றால் இறுக்கியது அது. இரண்டு மிதவையை இடைவெளி விட்டு இணைக்கும் வழக்கம் பசிபிக் தீவுக்காரர்களுடையது. பெயர் எப்படியோ இங்கிருந்து அங்கே போய் ஒட்டிக்கொண்டது.

ஆனால் மாமா படகைவிட்டு நகரவில்லை. குனிந்து டிராம்போலினின் அடியில் கை விட்டார். துணித்தளத்தை அலுமினியச் சட்டத்தோடு பிணைக்கும் கயிறு அங்கே வளையம் வளையமாக ஓடும். ஒவ்வொரு வளையமாக விரலால் சுண்டிப் பார்த்தார். "இதைக் கெட்டினது ஆரு? இந்தக் கெட்டு போராது."

அன்று பின்னேரம் முழுக்க அந்தக் கயிற்றை அவிழ்த்து அவரே திரும்பப் பின்னினார். ஒரு வளையம் இழுத்ததும் குதிகாலைச் சட்டத்தில் ஊன்றி உடம்போடு சாய்ந்து இறுக்குவார், விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போவார், மூன்று கழிந்ததும் முதலாவதுக்குத் திரும்பி வருவார். கட்டிக்கொண்டே கதை சொன்னார். அந்தக் காலத்தில் கடலிலிருந்து வந்ததும் கட்டை அவிழ்த்துத் தடிகளைத் தனித்தனியாகத் தோளில் சுமந்து மேட்டில் காயப்போடுவார்களாம். தண்ணீர் குடித்த மரம் பாரமாகிவிடும், மறுநாள் மிதப்பு குறைந்துவிடும். விடியுமுன் திரும்பக் கட்ட வேண்டும். இருட்டில், கையால். ஒவ்வொரு நாளும் அவிழ்த்து ஒவ்வொரு நாளும் கட்டியவருக்கு, நான் ஒவ்வொரு தடவையும் பாய்மரத்தைக் கழற்றி நட்டுவதில் ஒரு அதிசயமும் இல்லை. மெல்பனில் என் சிநேகிதிகள்கூட, இவ்வளவு பாடுபட்டு ஒரு மணித்தியாலம் ஓட்டத்தானா என்று கேட்டிருக்கிறார்கள். மாமா கேட்கவில்லை.

இறக்குவதற்கு நான் ஞாயிற்றுக்கிழமை என்று நாள் வைத்தேன். பழக்கதோஷம், மெல்பனில் அதுதான் பாயோட்டும் நாள். ஆனால் இது கத்தோலிக்க ஊர், ஞாயிறு ஒருவரும் கடலில் இறங்கமாட்டார்கள். மாமி மெதுவாக எடுத்துச் சொன்னா. மறுநாள் காலை, மீன்பிடித்து வந்தவர்கள் கரையேறிய பிறகு, என்று மாற்றினோம்.

நீரோடிக் கரையில் டிரெய்லர் இறங்காது. கடல் அரித்து அரித்து மணல் போய், கரை நெடுகக் கருங்கல் சுவர். அதனால் மேற்கே பூவாருக்குப் போனோம். நெய்யாறு கடலில் சேரும் பொழி அங்கே இருக்கிறது. உள்பக்கம் குளம் போலத் தண்ணீர், வெளிப்பக்கம் மணல்திட்டு, அதற்கப்பால் கரையில் வந்து உடையும் பெரிய அலை. மெல்பனில் சிமெண்டுச் சரிவு இருக்கும், காரைப் பின்னுக்கு எடுத்தால் போதும். இங்கே மணல் தொடங்கும் இடத்திலேயே காரின் சக்கரம் புதைந்தது. டயரில் பாதிக் காற்றை இறக்கினோம், அப்படியும் நகரவில்லை. வலை உலர்த்திக்கொண்டிருந்த எட்டுப் பேர் வந்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பக்கத்துக்கு நாலு பேராகப் படகைத் தூக்கி நடந்தே கொண்டுபோய்த் தண்ணீர் விளிம்பில் வைத்துவிட்டார்கள்.

பாய்மரம் நட்டுவதுதான் உண்மையில் கண்டம். மரத்தின் அடியை முன்சட்டத்திலுள்ள கீலில் ஆணி போட்டுப் பூட்ட வேண்டும். பக்கக் கம்பி இரண்டையும் முன்னமே மிதவைகளில் மாட்டி வைக்க வேண்டும். ஒருவர் டிராம்போலினில் நின்று மரத்தைத் தோளுக்கு மேலே தள்ளிக்கொண்டே முன்னேற, மற்றவர் முன்னால் நின்று கம்பியை இழுப்பார். மரம் நிமிர்ந்ததும் முன்கம்பியைப் பூட்டும்வரைக்கும் அது ஆள் பலத்தில்தான் நிற்கிறது. அந்த அரை நிமிடத்தில் பக்கவாட்டுக் காற்று அடித்தால் அடிக்கீல் முறுகும். ஆகவே படகின் அணியம், அதாவது முன்முனை, காற்றை நேரே பார்க்க வேண்டும். நான் பார்த்து வைத்தேன். ஆனால் காலையில் கரையிலிருந்து வீசும் காற்று அன்று சீக்கிரமே விழுந்து, கடற்காற்று எதிர்ப்பக்கமாக எழும்பியது. மரம் என் தலைக்கு மேலே பாதியில் இருந்தபோது வலதுபக்கம் சரிந்தது. "ஹோல்ட்! ஹோல்ட்!" என்று கத்தினேன். கணவர் பிடித்துக்கொண்டிருந்தார், சுற்றி நின்றவர்களுக்குத்தான் என்ன வேண்டும் என்று விளங்கவில்லை. மாமாவின் குரல் வந்தது: "எல, எடத்துக் கம்பியப் பிடி! பைய... பைய... நிக்கட்டு." இரண்டு பையன்கள் கம்பியில் தொங்கினார்கள். மரம் நின்றது. நான் முன்கம்பியைப் பூட்டி, ஆணியின் வளையத்தில் டேப் சுற்றினேன். கை நடுங்கியதில் டேப்பை மூன்று தடவை சுற்ற வேண்டி வந்தது.

அதற்குப் பிறகு கட்டளை எல்லாம் "பிடி", "பைய", "விடு" இந்த மூன்று சொல்தான். ஆங்கிலத்தில் படித்த வித்தை என்பதால் என் வாயில் படகுச் சொற்கள் எல்லாம் ஆங்கிலத்திலேயே இருந்தன. பாயின் அடித்தடியை மாமா பருமல் என்றார், பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு தாமான். அணியம் என்ற சொல் மட்டும் எனக்கு முன்பே தெரியும். எங்கள் ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938-ல் எங்கள் ஊர் ஆட்களோடு அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை போன கதையை அப்பா எத்தனையோ இரவு சொல்லியிருக்கிறார். அந்தக் கதையில் வரும் சொல் அது.

மிதவைகளின் பின்புறத் துளையில் அடைப்பான் இருக்கிறதா என்று பார்த்தேன். அதை மறந்து இறக்கினால் நடுத்தண்ணீரில்தான் தெரியவரும். சின்னப் பாய், பிறகு பெரிய பாய். சுக்கான் இரண்டையும் தூக்கிவைத்தபடியே இடுப்பளவு தண்ணீருக்குத் தள்ளி, ஏறி, ஆழம் வந்ததும் இறக்கினேன். ஒரு மிதவை மெல்ல மேலெழும்ப, பொழியை அறுத்துக்கொண்டு படகு போனது. கரையில் நின்றவர்கள் கூவியது கேட்டது. மாமா கூவவில்லை. கையைக் கண்ணுக்கு மேலே வைத்தபடி அவர் கட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், கணவர் பிறகு சொன்னார்.

கடலுக்குள் போவது வேறு விஷயம். இங்கே பெண்கள் மீன் விற்பார்கள், ஏலம் எடுப்பார்கள், வலைக்காசைக் கணக்குப் பார்ப்பார்கள். வள்ளத்தில் ஏறுவதில்லை. மாமாவின் அக்கா என்னிடம் நேராகவே சொன்னா: "பொழிக்குள்ள ஓட்டு மோளே, கடல் வேண்டாம்." 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலில் அவவின் மகன் திரும்பவில்லை. இந்தக் கரையில் தெருவுக்குத் தெரு அப்படி ஒரு வீடு உண்டு. அவவோடு வாதாட எனக்கு வாய் வரவில்லை. இதுவரை இரண்டே தடவை கடலில் இறக்கியிருக்கிறேன், இரண்டிலும் மாமா கூட இருந்தார். அதனால் ஊர்க் கணக்கில் அது மாமா போனது, நான் கூடப் போனது. அவர் அலையை எண்ணிக்கொண்டு நிற்பார். பெரியவை வரிசையாக வந்து உடைந்து ஒரு தணிவு வரும், அப்போது "இப்ப" என்பார். அந்த "இப்ப" எப்போது வரும் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கூட நின்று பழகுகிறேன். அவவிடம் கேட்காமல் தனியாகப் போகமாட்டேன் என்று சொல்லியும் இருக்கிறேன்.

இப்போது ஜூன். மேற்குக் கரையில் இயந்திரப் படகுகளுக்கு ஜூலை 31 வரை தடைக்காலம். கன்னியாகுமரிக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கு ஏப்ரல் 15-ல் தொடங்கியது இந்த மாதம் 14-ல் முடிந்துவிட்டது. மழைக்கடல் கல்சுவரைத் தாண்டி முடுக்குவரை தெறிக்கிறது. படகு முற்றத்தில் கவிழ்ந்து கிடக்கிறது, அடைப்பான் இரண்டும் சமையலறைச் சன்னலில், பாய்மரம் வீட்டு இறவாரத்தின் கீழ். நேற்று மாமா டிராம்போலின் கயிற்றை மாற்றத் தொடங்கினார். பழையது உப்பில் விறைத்துவிட்டது. கொல்லங்கோட்டு வலைக்கடையில் வாங்கிய கயிற்றைக் கையால் அளந்து ஆறு பாகம் என்று வெட்டினார். நுனியைப் பிடிக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.

கடைசி முடிச்சைப் போட்டு இழுத்துவிட்டு, "இதுக்கு ஒங்க ஊருல என்ன பேரு?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. படம் எடுத்து மெல்பனில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பினேன். அவவுக்கும் தெரியவில்லை. அம்மா அதைக் கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் பெரியப்பாவுக்கு அனுப்பியிருக்கிறா. அவருக்குத் தொண்ணூற்றொரு வயது, காலையில் கண் தெளிவாக இருக்கும்போதுதான் படம் பார்ப்பாராம். மாமா இன்று இரண்டு தடவை கேட்டுவிட்டார், பதில் வந்ததா என்று.