டெயிலருக்குப் பேக் போட்ட கதை

களுவாஞ்சிக்குடியில் தையற்கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூட யூனிபோம், காற்சட்டை, கலியாண வீட்டுக் கோட்டு எல்லாம் தைப்பேன். மலக்குடலில் புற்றுநோய் என்று சொல்லி, வைத்தியமெல்லாம் முடிந்து, இப்போது மறுபடியும் மெஷினில் உட்கார்ந்துவிட்டேன். நோயைப் பற்றிச் சொல்ல டொக்டர்மார் இருக்கிறார்கள். நோயோடு சேர்ந்து வீட்டுக்குள் வந்த மற்றச் சோலிகளைத்தான் நான் எழுதப் போகிறேன்.

வைத்தியத்தைச் சுருக்கமாகச் சொன்னால், முதலில் ஐந்து கிழமை கதிர்ச் சிகிச்சை, கூடவே கேபசிடபின் என்ற புற்றுநோய்க் குளிசை. குளிசையைக் காலையும் மாலையும் சாப்பிட்டு 30 நிமிடத்துக்குள் போட வேண்டும். பிறகு ஆபரேஷன். வெட்டித் தைத்த இடம் ஆறும் வரைக்கும் சிறுகுடலின் ஒரு வளைவை வயிற்றுக்கு வெளியே எடுத்து விடுவார்கள், அதன் வழியாக வருகிற கழிவைப் பிடிக்க வயிற்றில் ஒட்டுகிற பைதான் பேக். அப்புறம் கீமோ. இவ்வளவுக்கும் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு சதம் கேட்கவில்லை. ஆனால் கடை பூட்டிக் கிடந்தது. பஸ் காசு, கூட வருகிறவரின் சாப்பாடு, வாட்டில் பேக் முடிந்துபோன நேரங்களில் பாமசியில் வாங்கியது, இதெல்லாம் யாருடைய கணக்கிலும் வராது.

பேக்கின் கதைக்கு வருகிறேன். வாட்டில் முதல் தரம் மாற்றிய பிள்ளை தொழிலுக்குப் புதுசு. பேக்கை வயிற்றில் ஒட்டும் தட்டில், குடல் நுழைகிற ஓட்டையைப் பெரிதாக வெட்டிவிட்டது. சிறுகுடலிலிருந்து வருகிற கழிவில் சமிபாட்டுச் சாறும் சேர்ந்து வரும், அது தோலையும் விட்டுவைக்காது. தோல் புண்ணானால் தட்டு ஒட்டாது. தட்டு ஒட்டாவிட்டால் இன்னும் ஒழுகும், புண் இன்னும் கூடும். இதை யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லித் தரவில்லை.

அளவெடுப்பது எனக்குக் கைவந்த தொழில். சோப்புப் பெட்டி மட்டையில் ஒரு பேட்டன் வெட்டினேன். வெளியே தெரிகிற குடலைச் சுற்றி 2, 3 மில்லிமீற்றர் இடைவெளி விட்டால் போதும். அந்தக் குடல் வாயின் உட்பக்கம் போலச் சிவப்பாக, ஈரமாக இருக்கும். பார்க்கத்தான் பயம், தொட்டால் நோகாது. வலி தெரிகிற நரம்பு அதில் இல்லை. ஆபரேஷன் முடிந்த முதல் சில கிழமைகளில் வீக்கம் வற்றி அது சிறுத்துக்கொண்டே போகும், ஆகவே பேட்டனும் மாற வேண்டும். பழைய அளவிலேயே வெட்டிக்கொண்டிருக்கிறவர்களை கிளினிக்கில் பார்த்திருக்கிறேன். பேக்கில் மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே வெறுமையாக்கிவிட வேண்டும், பாரம் கூடினால் தட்டை இழுத்துக்கொண்டு வந்துவிடும். சாரம் கட்டுகிற ஆட்களுக்கு ஒரு சொல்: பேக்கின் மேலே இறுக்கிக் கட்டாதீர்கள். கழிவு கீழே இறங்க வழியில்லாமல் குடல் வாயிலேயே நின்று தட்டைக் கிளப்பிவிடும்.

பார்க்க வந்த சனமெல்லாம் இளநீர்க் குலையோடு வந்தார்கள். பாசம்தான், மறுக்க முடியுமா? ஆனால் சிறுகுடலில் பேக் போட்டவனுக்குத் தண்ணீரோடு உப்பும் சேர்ந்து போய்க்கொண்டிருக்கும். இளநீரில் அந்த உப்பு குறைவு. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் பேக்தான் இன்னும் நிறையும். ஜீவனி என்ற உப்புக் கரைசல் பாக்கெட் ஒன்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொன்னார்கள். இளநீரைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் குடித்து முடித்தார்கள்.

தேங்காய்ப்பூவும் கூடாது. அது குடல் வாயில் போய் அடைத்துக்கொள்ளும். மட்டக்களப்பானிடம் தேங்காய்ப்பூ இல்லாத பிட்டைத் தின்னச் சொல்வதை விடப் பெரிய தண்டனை இருக்குமோ தெரியாது. வீட்டுக்காரி பிட்டைத் தேங்காய்ப்பூ இல்லாமல் அவித்து, பாலைப் பிழிந்து ஊற்றித் தந்தாள். அதில்தான் காலம் போனது.

பக்கத்துக் கட்டிலில் காத்தான்குடிக் காக்கா ஒருவர். அவருடைய கவலை வேறு. இந்த நிலைமையில் தொழலாமா என்று மௌலவியிடம் கேட்டனுப்பினார். ஒவ்வொரு தொழுகைக்கும் நேரம் வந்த பிறகு புதிதாக வுழூ எடுத்து, அதாவது கைகால் முகம் கழுவிச் சுத்தம் செய்து, தொழச் சொல்லிப் பதில் வந்தது. அன்றைக்கு மனுஷன் பசியாறிச் சாப்பிட்டார். டொக்டர் கொடுத்த எந்த மருந்துக்கும் அப்படி முகம் தெளிந்ததை நான் காணவில்லை. எனக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை. ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலுக்குப் போய், கூட்டத்தோடு கூட்டமாய் உள்ளே நுழைந்து கும்பிட்டுவிட்டு வந்தேன். தீட்டா இல்லையா என்று யாரையும் கேட்கவில்லை.

கீமோவில் ஏற்றியது ஒக்ஸாலிப்ளாட்டின் என்ற மருந்து. ஏற்றிய பிறகு சில நாளைக்கு குளிர் ஆகாது. ஃபிரிஜ் கதவைத் தொட்டால் விரலில் மின்சாரம் பாயும், குளிர்ந்த தண்ணீர் ஒரு மிடறு உள்ளே போனால் தொண்டை இறுகி மூச்சு நின்றுவிடுமோ என்று இருக்கும். சித்திரை வெயிலில் சுடுதண்ணீர் குடித்தேன். அது போகட்டும். போகப் போக விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது. கிளினிக்கில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "எப்படி இருக்கு?" எல்லோரும் சொல்வதும் ஒரே பதில்: "பரவாயில்லை."

ஒரு நேர்ஸ் மிஸ் மட்டும் வேறு மாதிரிக் கேட்டா.

"ஐயா என்ன தொழில்?"

"டெயிலர், மிஸ்."

"அப்ப உங்கட சட்டைப் பொத்தானைக் கழட்டிப் பூட்டிக் காட்டுங்க."

நான் தைத்த சட்டை, நான் வைத்த பொத்தான். மேல் பொத்தானைத் துளைக்குள் தள்ளுகிறேன், விரலுக்கு அது அகப்படவே இல்லை. குனிந்து கண்ணால் பார்த்துத்தான் பூட்ட முடிந்தது. மிஸ் ஒன்றும் பேசாமல் எழுந்து டொக்டரிடம் போனா. அடுத்த முறை மருந்தின் அளவைக் குறைத்தார்கள், அதற்குப் பிறகு அதை நிறுத்திவிட்டு, கூடக் கொடுத்துவந்த மற்ற மருந்தை மட்டும் தொடர்ந்தார்கள். நிறுத்திய பின்னும் மரப்பு கொஞ்ச காலம் கூடிப் பிறகுதான் குறையும் என்றும் சொன்னார்கள், அப்படியேதான் நடந்தது. இன்றைக்கும் ஊசியில் நூல் கோர்க்கக் கடைப் பையன்தான் வர வேண்டும். அந்தக் கேள்வி வராமல் இருந்திருந்தால் கடையையே விற்றிருப்பேன்.

தாதியர் படிப்புப் படிக்கிற மருமகள் ஒருத்தி இருக்கிறாள். புற்றுநோய்க்காரருக்கு என்னென்ன உதவி தேவை என்று கேட்பதற்கு அவுஸ்திரேலியாவில் ஒரு படிவம் செய்திருக்கிறார்கள் என்று காட்டினாள். 34 கேள்வி. களைப்பு, நோய் பரவிவிடுமோ என்ற பயம், வீட்டாரின் கவலை, வீட்டில் எப்படிச் சமாளிப்பது, எல்லாம் அதில் வருகிறது. எல்லாப் புற்றுநோய்க்கும் பொதுவான படிவமாம், அதனால் பேக்கைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. எனக்குப் பிடித்தது அதில் ஒன்று: எதைப் பற்றியும் பேசக்கூடிய ஒரே ஒரு ஆள் ஆஸ்பத்திரியில் உங்களுக்கு வேண்டுமா என்பது. வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதியிருப்பேன்.

தாம்பத்தியத்தைப் பற்றியும் அதில் கேள்வி இருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மலக்குடல் ஆபரேஷனிலும் கதிரிலும் அந்தப் பக்கத்து நரம்புகள் பழுதாகலாம். அதற்கும் மருந்து இருக்கிறது. நம்மூரில் ஆம்பிளை கேட்க மாட்டான், டொக்டரும் நேரமில்லாமல் விட்டுவிடுவார். தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

பேக்கைக் கழற்றிக் குடலை உள்ளே வைத்துவிட்டால் எல்லாம் பழையபடி என்று ஊர் நினைக்கிறது. மலக்குடலில் பெரும்பகுதி போனவனுக்குத் தேக்கி வைக்க இடம் இல்லை. போய் வந்து உட்கார முன் திரும்பப் போக வேண்டும், வந்தால் பொறுக்காது. மட்டக்களப்புக்குப் போகிற பஸ்ஸில் ஏறினால் எந்தப் பள்ளிவாசலில், எந்தப் பெற்றோல் ஷெட்டில் துப்புரவான கக்கூஸ் இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். கிளினிக் நாளில் காலைச் சாப்பாட்டைக் கொஞ்சமாக வைத்துக்கொள்வேன். வயிற்றுப்போக்கைக் கட்டுப்படுத்துகிற லொபரமைட் குளிசையும் எழுதித் தருவார்கள், கேட்டால்.

இப்போது கடையில் ஒரு வேலை கூடியிருக்கிறது. பேக் போட்டவர்களுக்கு இடுப்பை உயர்த்தி, உள்ளே பேக்கைத் தாங்க ஒரு பருத்திப் பொக்கெட் வைத்துக் காற்சட்டை தைக்கிறேன். பெண்களுக்குப் பாவாடையிலும் வைக்கலாம். அளவு கொண்டுவருகிறவர்கள் கதிரையில் உட்கார்ந்தபடி இடுப்பை அளந்து வாருங்கள், நின்று எடுத்த அளவு உட்காரும்போது பேக்கை நசுக்கும். துணி உங்களுடையது. கூலி வாங்குவேன், சும்மா தைத்தால் நீங்கள் குறை சொல்ல மாட்டீர்கள்.